வடக்கு ஜன்னலும் வெள்ளைப் புடவையும்

வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், ஆம்பூர்த் தோல் கம்பெனி ஆபீஸில் எனக்கென்று ஒரு மேஜையும் அதன் மேல் ஒரு கம்ப்யூட்டரும் இருந்தன. ஆன் செய்தேன். ஒன்றும் தெரியவில்லை. மிஷினில் கோளாறு இல்லை. திரையில் எழுத்து இருந்தது, வெளிச்சம்தான் இல்லை.

இந்தக் காலத்துப் பிள்ளைகள் நம்ப மாட்டார்கள். எண்பதுகளில் வந்த அந்த மடக்குக் கம்ப்யூட்டருக்குத் திரைக்குள் விளக்கு கிடையாது. டிஜிட்டல் கைக்கடிகாரம் போலத்தான், வெளியிலிருந்து வெளிச்சம் விழுந்தால் எழுத்து தெரியும். முதலாளி ஜெர்மனி போனபோது, எங்கள் தோலை வாங்கும் பையருடைய ஆபீஸில் அதைப் பார்த்து மயங்கி வாங்கி வந்துவிட்டார். அங்கே ஜன்னல் பெரிது. இங்கே தோல் நாற்றத்துக்குப் பயந்து ஜன்னலைத் திறப்பதே இல்லை. லோ வோல்டேஜில் ஒரு பல்பு அழுதுகொண்டிருக்கும்.

"இதோ பாரும்மா எஸ்தர்," என்றார் முதலாளி. "அடுத்த மாசம் பையர் வர்றாரு. அவரு கண்ணு முன்னாடி பேக்கிங் லிஸ்ட் இதுல போட்டுக் காட்டணும். முடியலன்னா மிஷினையும் வித்துடுவேன், உன்னையும் அனுப்பிடுவேன். அப்புறம் வந்து பேஜார் பண்ணக் கூடாது."

அவருக்கு அது ஒரு மிஷின். எனக்கு அது தலையெழுத்து. என் அம்மா வேலூரில் ஆஸ்பத்திரி நர்ஸ். நானும் நர்ஸாவேன் என்று முடிவு கட்டி, எனக்காக வெள்ளைப் புடவைகள் எடுத்துப் பெட்டியில் வைத்திருந்தார். "செத்தாலும் அதைக் கட்ட மாட்டேன்" என்று சண்டை போட்டுத்தான் மெட்ராஸில் கம்ப்யூட்டர் கோர்ஸ் படித்தேன். முதல் வேலை நிலைக்காவிட்டால் நர்ஸிங் ஸ்கூல் என்பது எங்களுக்குள் ஒப்பந்தம். அம்மா விண்ணப்பத் தாளைக்கூட வாங்கி வைத்துவிட்டார்.

வெளிச்சத்துக்கு நாங்கள் செய்யாத வித்தை இல்லை. டேபிள் லாம்ப் வைத்தோம். திரையில் டேபிள் லாம்ப் தெரிந்தது. அக்கவுண்டண்ட் பெட்ரோமாக்ஸ் கொண்டுவந்தார். சூடு ஏறியதும் திரை முழுக்கக் கறுத்துவிட்டது. "போச்சு, மண்டையப் போட்டுச்சு" என்று அவர் நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டார். ஆறியதும் அதுவே பிழைத்துக்கொண்டது. முற்றத்து வெயிலைக் குளியலறைக் கண்ணாடியால் திருப்பிப் பார்த்தோம். வெயில் நகர நகர, கண்ணாடியைப் பிடித்தவரும் நகர்ந்தார். கடைசியில் என் கண்ணில் அடித்தார்.

கம்பெனியில் நல்ல வெளிச்சம் ஒரே ஒரு இடத்தில்தான் இருந்தது. அது சார்ட்டிங் ஹால். ஃபினிஷ் ஆன தோலை ஷேடு பார்த்துப் பிரிக்கும் இடம். வடக்குப் பக்கம் பெரிய ஜன்னல், அதன் கீழே நீள மேஜை. வடக்கு வெளிச்சத்தில் நேர் வெயில் விழாது, நிறம் ஏமாற்றாது என்பதால் எல்லாத் தோல் கம்பெனியிலும் அப்படித்தான். அங்கே விளக்குப் போட யாருக்கும் அனுமதி இல்லை. தோல் பிரிக்கும் எத்திராஜ் மாஸ்டர்தான் அந்த ஜன்னலுக்கு ராஜா.

முதலாளியே சிபாரிசு செய்ததால் மேஜையின் ஒரு மூலையை மாஸ்டர் விட்டுக்கொடுத்தார். மிஷினை வைத்தேன். திரையில் எழுத்து பளிச்சென்று தெரிந்தது. அப்பாடா! எழுந்து ஆடலாம் போல இருந்தது. நன்றாக நினைவிருக்கிறது, அன்று நான் கட்டியிருந்தது தக்காளிச் சிவப்புப் புடவை.

மத்தியானம் டிபன் பாக்ஸைக் கழுவிவிட்டுத் திரும்பி வந்தேன். மாஸ்டர் ஒரு தோலைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.

"காலைல இது செவப்பு ஷேடுன்னு தனியா போட்டேன். இப்போ பாத்தா சாதா டான் கலரு, வெறும் பழுப்பு. இன்னா கூத்து இது?" என்றார். பிறகு மேஜையைப் பார்த்தார். என் நாற்காலியைப் பார்த்தார். கடைசியாக என் புடவையைப் பார்த்தார்.

புடவையின் சிவப்பு பக்கத்தில் கிடந்த தோல்மேல் அடித்து, என் மூலையில் பிரித்த தோல் பூராவும் தப்பான அடுக்கில் போய்விட்டது. அத்தனையையும் மறுபடி பிரித்தார்கள்.

"நாங்க ஏன் வெள்ளச் சட்டையோட நிக்கிறோம்? அழகுக்கா?" என்றார் மாஸ்டர். "நாளைக்கு வெள்ளப் பொடவ கட்டினு வா. இல்லாட்டி வராத."

சாயங்கால பாசஞ்சரில் காட்பாடி வரும்வரை ஜன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்திருந்தேன். வீட்டில் விஷயத்தைச் சொன்னேன். அம்மா சிரிக்கவில்லை. பெட்டியைத் திறந்து ஒரு புடவையை எடுத்து, கஞ்சி போட்டு, இஸ்திரி போட்டு நாற்காலியில் தொங்கவிட்டார். "பின் குத்திக்கோ, சரியும்" என்றார். அவ்வளவுதான்.

மறுநாள் ரயிலில் ஒரு அம்மாள், "சிஸ்டர், எம்புள்ளைக்கு ரெண்டு நாளா வயித்தால போவுது" என்று குழந்தையை மடியில் வைத்தார். நான் கம்ப்யூட்டர் ஆப்பரேட்டர் என்றேன். "அது எந்த வார்டு?" என்று கேட்டார். ஆஸ்பத்திரிக்குக் காட்டுங்கள் என்று சொல்லிவிட்டு இறங்கினேன். பையர் வரும்வரை தினமும் இதே கதைதான். பையில் காயத்துக்குத் துணியும் பிளாஸ்டரும், தலைவலி மாத்திரையும் வைத்துக்கொண்டேன். எதற்கு வம்பு?

பையர் வந்தார். முதலாளியோடு ஹாலுக்குள் நுழைந்ததும் என்னைப் பார்த்து முகம் மலர்ந்து, நெற்றியைத் தொட்டு, தலைவலி தாங்கவில்லை என்றார். பையிலிருந்து மாத்திரை எடுத்துத் தண்ணீரோடு கொடுத்தேன். பிறகு மிஷின் முன் உட்கார்ந்து அவருக்குப் போகும் தோல் லாட்டின் கணக்கை ஒவ்வொரு கட்டாக ஏற்றினேன். ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு எழுத்து பிசகாமல் தெரிந்தது. பிரிண்டர் கரகரவென்று பேக்கிங் லிஸ்டைத் துப்பியது.

பையர் அசந்துபோய், "உங்கள் நர்ஸ் கம்ப்யூட்டரும் பார்ப்பாரா?" என்று முதலாளியிடம் கேட்டார்.

முதலாளி கண்ணிமைக்கவில்லை. "இங்கே எல்லாரும் எல்லா வேலையும் பார்ப்பார்கள்" என்று இங்கிலீஷில் சொன்னார். பையரை வழியனுப்பிவிட்டு வந்து, "உன் வேலை பர்மனென்ட்மா" என்றார். மேஜையில் கிடந்த என் குடையை மாஸ்டர் எடுத்துக் கீழே வைத்தார். அது பச்சைக் குடை.

இளையவர்களுக்கு நான் சொல்வது இதுதான். மிஷின் வாங்குமுன் அது எங்கே உட்காரப் போகிறது, வெளிச்சம் எந்தப் பக்கம், பக்கத்தில் யார் என்ன வேலை செய்கிறார்கள் என்று பாருங்கள். கேட்லாகில் அதெல்லாம் இருக்காது.

அன்று நான் வீட்டுக்குள் நுழையும்போது அம்மா டியூட்டி முடிந்து அப்போதுதான் வந்திருந்தார். இரண்டு பேரும் ஒரே வெள்ளையில் நின்றோம்.

"இன்னாடி ஆச்சு?"

"வேலை நிலைச்சிடுச்சும்மா."

அம்மா என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். அலமாரியிலிருந்து அந்த விண்ணப்பத் தாளை எடுத்து, நான்காக மடித்து, ஆடிக்கொண்டிருந்த மேஜைக் காலுக்கு அடியில் வைத்தார்.

"சரி, இன்னிக்கு எத்தினி பேஷன்ட்?" என்றார்.

"ஒருத்தர்தான். தலைவலி."

"அவரு சாப்பாடு சாப்பிட்டப்புறம்தானே மாத்திரையக் குடுத்த?"

நான் அதைக் கேட்க மறந்திருந்தேன். அம்மா தலையில் அடித்துக்கொண்டார். "நல்ல வேளை, நீ கம்ப்யூட்டருக்கே போனே."