அயர்லாந்துக்காரிக்கு ஓர் அத்தை மகன்

என் மனைவிக்குச் சர்க்கரையால் விழித்திரை பழுதாகி, போன ஐப்பசியில் தஞ்சாவூரில் அறுவை சிகிச்சை செய்தார்கள். கண்ணுக்குள் ஒரு வாயுக் குமிழை வைத்திருப்பதாகவும், அது விழித்திரையை அழுத்திப் பிடிக்க வேண்டுமானால் அவள் பத்து நாள் குப்புறவே படுத்திருக்க வேண்டும் என்றும் மருத்துவர் சொன்னார். சாப்பிடவும் குளியலறைக்குப் போகவும் மட்டும் எழுந்திருக்கலாம். அப்போதும் தலை குனிந்தே இருக்க வேண்டும். குத்தாலத்துக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்த அன்றே, நடுவில் ஓட்டை வைத்த தலையணைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு அவள் சொன்னாள்:

"ஏங்க, புதுசா வந்த புத்தகத்தைப் பிரிச்சு வாசிங்களேன். பத்து நாளும் தரையையே பாத்துக்கிட்டுக் கிடந்தா எனக்குப் பைத்தியம் புடிச்சிரும்."

எங்கள் மகள் அனுப்பிய புத்தகம் அது. மகள் அயர்லாந்தின் மேற்குக் கரையில் ஒரு சிறிய கிராமத்தில் இருக்கிறாள். அங்கே ஒரு முதியோர் இல்லத்தில் செவிலியர் வேலை. பழைய புத்தகக் கடையில் கிடைக்கும் காதல் நாவல்களை அம்மாவுக்குப் பார்சலில் அனுப்பிக்கொண்டே இருப்பாள். எல்லாமே அயர்லாந்துக் கிராமங்களில் நடக்கும் இந்தக் காலத்துக் கதைகள். அட்டையில் வெள்ளையடித்த ஒரு வீடு, பின்னால் பச்சை மேடு, அதற்கும் பின்னால் கடல். நகரத்து வேலையை விட்டுவிட்டு ஊருக்குத் திரும்பும் பெண் ஒருத்தி ரொட்டிக்கடையோ பூக்கடையோ வைப்பாள். முரட்டுத்தனமாகத் தெரியும் நல்லவன் ஒருவன் அவளுக்குக் கிடைப்பான். நான் முப்பத்துமூன்று வருடம் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் கற்பித்தவன். "ஒரே கதையை இருபது அட்டை போட்டு விக்கிறான்" என்று அவளைக் கேலி செய்துகொண்டே இருந்தேன். அகராதியை மடியில் வைத்துக்கொண்டு அவள் பாட்டுக்குப் படித்துக்கொண்டிருப்பாள்.

அந்த மகளோடு நான் பேசி ஒன்பது வருடமாகியிருந்தது. அவள் பிறந்தபோதே என் தங்கை மகனுக்கு என்று முடிவு செய்து வைத்திருந்தேன். கல்லூரியில் தன்னோடு படித்த ஒருவரைத்தான் கட்டிக்கொள்வேன் என்று அவள் சொன்னாள். அவருடைய பாட்டனார் எங்கள் வயலில் கூலி வேலை செய்தவர். அவருடைய அப்பா படித்து அரசு வேலைக்குப் போனவர். அவரோ என்னைவிட அதிகம் படித்தவர். இது எனக்கு அன்றைக்கே தெரியும். தெரிந்தும் முடியாது என்றேன். அவர்கள் பதிவுத் திருமணம் செய்துகொண்டு போய்விட்டார்கள். என் தங்கை மகன் அடுத்த வருடமே வேறு பெண்ணைக் கட்டிக்கொண்டு, பட்டுக்கோட்டையில் தேங்காய் வியாபாரம் செய்துகொண்டு சந்தோஷமாகத்தான் இருக்கிறான். கோபம் எனக்கு மட்டும்தான் மிச்சமிருந்தது.

முதலில் ஆங்கிலத்திலேயே வாசித்தேன். இரண்டு பக்கம் முடிவதற்குள் தலையணைக்குள்ளிருந்து குரல் வந்தது.

"வகுப்பு எடுக்குற மாதிரி இருக்கு. எங்க எந்திரிச்சு நிக்கச் சொல்லிடுவீங்களோன்னு பயமா இருக்கு. தமிழ்ல சொல்லுங்க."

அங்கேதான் தவறு ஆரம்பமாயிற்று. தமிழில் சொல்லும்போது என் இஷ்டத்துக்கு மாற்றலாம் என்று கண்டுகொண்டேன். நாவலில் ஊர்க்காரர்கள் கூடும் மதுக்கடையை டீக்கடையாக்கினேன்.

"டீக்கடையிலயா ராத்திரி பத்து மணிக்கு எல்லாரும் கட்டிப்புடிச்சுக்கிட்டுப் பாட்டுப் பாடுறாங்க?"

"குளிர் நாடு. டீ நிறையக் குடிப்பாங்க."

முத்தம் வந்த இடத்திலெல்லாம் "கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருந்தார்கள்" என்று சொல்லிக் கடந்தேன்.

"என்னங்க இது, ஓயாம பேசிக்கிட்டே இருக்காங்க? கல்யாணத்துக்கு அப்புறம் பேச ஒண்ணும் மிச்சம் இருக்காது போல."

இதெல்லாம் வேடிக்கை. உண்மையான தப்பு நான்காம் அத்தியாயத்தில் செய்தேன். கதாநாயகன் கல்சுவர் கட்டுபவன். கதாநாயகியின் அப்பாவுடைய ஆட்டுப் பண்ணையில் கூலிக்கு இருந்தவரின் மகன். அப்பாவுக்கு அது பிடிக்கவில்லை. அந்தப் பத்தியைப் படித்ததும் புத்தகத்தை மூடிவிடலாமா என்று நினைத்தேன். மூடவில்லை. அவனை அந்தப் பெண்ணின் அத்தை மகனாக்கிவிட்டேன். அத்தை வீட்டோடு ஏதோ வரப்புத் தகராறு, அதனால்தான் அப்பாவுக்குக் கோபம் என்று சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே அது ரொம்ப இயல்பாக இருந்தது. முறைப்பையன், முறைப்பெண், இடையில் ஒரு வரப்பு. எத்தனை வீட்டில் பார்த்திருக்கிறேன்! மனைவி "உம்" கொட்டினாள்.

மூன்றாம் நாள் சாயங்காலம் வாய்க்காலில் தண்ணீர் பார்த்துவிட்டு, வழக்கத்தைவிடச் சீக்கிரம் திரும்பினேன். முன்பெல்லாம் மகளோடு பேச மனைவி கைபேசியை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போய்விடுவாள். இப்போது முடியாததால் முக்காலியில் வைத்து ஸ்பீக்கர் போட்டிருந்தாள். நான் வந்தது அவளுக்குத் தெரியாது. ஒன்பது வருடம் கழித்து மகளின் குரலைக் கேட்டேன்.

"பொங்கலுக்கு வரோம்மா, டிக்கெட் போட்டாச்சு. கும்பகோணத்துல லாட்ஜ் எடுத்துக்கிறோம். பகல்ல நீ வந்து எங்களைப் பாத்துட்டுப் போ. அப்பாவைச் சங்கடப்படுத்த வேணாம்."

"சரிடி" என்றாள் என் மனைவி. "பாப்பாவுக்கு ஸ்வெட்டர் எல்லாம் தூக்கிட்டு வராத, இங்க அவ்வளவு குளிராது."

கதவருகிலேயே நின்றேன். பேத்தி பிறந்து நான்கு வருடமாகிறது. சொந்த ஊருக்கு இருபத்தைந்து கிலோமீட்டர் தள்ளி ஒரு லாட்ஜில் என் பேத்தி தங்கப்போகிறாள். அதற்குக் காரணம் நான். மனைவி அழவில்லை, கெஞ்சவில்லை. சரி என்றுதான் சொன்னாள். அந்தச் 'சரி' என்னை நிலைகுலைய வைத்தது. ஆனாலும் சத்தமில்லாமல் வெளியே போய், செருப்பை ஒருமுறை தட்டிவிட்டு, அப்போதுதான் வருகிறவன் போல உள்ளே வந்தேன்.

ஐந்தாம் நாள் மகள் அழைத்தபோது நான் கட்டிலருகில்தான் இருந்தேன். எழுந்து போகாமல் உட்கார்ந்திருந்தேன். மனைவி கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"நீ அனுப்புன புத்தகம்தான்டி. சுவர் கட்டுறானே, அந்த அத்தை மகன், அவனும் இவளும் நேத்து கடற்கரையில ரொம்ப நேரம் பேசிக்கிட்டிருந்தாங்க."

"யாரு? அத்தை மகனா?"

"ஆமா. வரப்புத் தகராறுல ரெண்டு வீட்டுக்கும் பேச்சு இல்லையாமே."

அந்தப் பக்கம் சிரிப்பு வெடித்தது. மூச்சு முட்டச் சிரித்தாள். "அம்மா! இங்க அத்தை பையன் அண்ணன் மாதிரிம்மா. அவனைப் போய்க் கட்டிக்கிட்டா ஊரே வாயைப் பொத்திக்கும்! அந்தப் புத்தகத்தைப் படிச்சுட்டுத்தானே உனக்கு அனுப்புனேன். அவன் அவங்க பண்ணையில வேலை செஞ்சவரோட பையன். யாரு உனக்கு இப்படிச் சொன்னது?"

"உங்க அப்பாதான் வாசிக்கிறாரு."

சிரிப்பு நின்றது.

"அப்பாவா வாசிக்கிறாரு?"

"ஆமா. பக்கத்துலதான் இருக்காரு. வாயத் தொறக்கல."

"கடைசி அத்தியாயத்தையாவது மாத்தாம வாசிக்கச் சொல்லும்மா" என்று சொல்லிவிட்டு அவள் வைத்துவிட்டாள்.

முதுமையில் திருட்டில் பிடிபடுவது எப்படி இருக்கும் என்று அன்றைக்குத் தெரிந்தது. மனைவியின் முகம் எனக்குத் தெரியவில்லை, என் முகம் அவளுக்குத் தெரியவில்லை. அது ஒருவகையில் நல்லதாயிற்று.

"எனக்குச் சந்தேகம்தான்" என்றாள் அவள். "வெள்ளைக்காரன் வீட்டுல ஏது முறைப்பையன்? சரி, ஏதோ சொல்லிட்டுப் போறாருன்னு விட்டேன்."

"மன்னிச்சிடு."

"நான் கதை கேக்கவா இதையெல்லாம் படிக்கிறேன்? அவ இருக்குற ஊரு எப்படி இருக்கும், கடைத்தெரு எப்படி இருக்கும், பக்கத்து வீட்டுக்காரங்க என்ன பேசுவாங்க, மழை பெஞ்சா துணியை எங்க காய வைப்பாங்கன்னு பாக்கத்தான் படிக்கிறேன். நான் போய்ப் பாக்கப் போறதில்ல. எனக்கு இருக்குறது அந்தப் புத்தகம்தான். அதுலயும் நம்ம ஊரைக் கொண்டு போய் வச்சிட்டீங்களே."

இருபது அட்டைகளில் ஒரே கதை என்று கேலி செய்தேனே, அந்த இருபதிலும் அவள் தேடியது ஒரே ஒரு ஊரைத்தான். இத்தனை வருடம் ஒரே வீட்டில் இருந்தும் அது எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் முதல் பக்கத்திலிருந்து மறுபடியும் தொடங்கினேன். மதுக்கடையை மதுக்கடை என்றே சொன்னேன். முத்தத்தை முத்தம் என்றேன். "மெதுவா வாசிங்க, அதுக்குள்ள என்ன அவசரம்?" என்றாள் அவள். நனைந்த செம்மறிகளின் வாடை, அடுப்புக்காகச் சதுப்பு நிலத்தில் வெட்டிக் காயவைக்கும் கரிய மண்கட்டிகள், முன்பின் தெரியாதவருக்கும் காரோட்டிகள் ஒரு விரலைத் தூக்கி வணக்கம் சொல்வது என்று எதையும் விடவில்லை. சில இடங்களில் "திரும்ப வாசிங்க" என்றாள். வாசித்தேன். அந்த ஆசிரியை நன்றாகவே எழுதியிருந்தார். அதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஒன்பதாம் நாள் கடைசி அத்தியாயத்துக்கு வந்தோம். அந்த அப்பா மழையில் நடந்து சுவர் கட்டுபவனின் வீட்டுக்குப் போகிறார். வாசலில் நின்று, கூரை ஒழுகுகிறதா என்று கேட்கிறார். ஒழுகவில்லை என்கிறான் அவன். அதற்குமேல் அவருக்குப் பேச்சு வரவில்லை. நானும் நிறுத்திவிட்டேன்.

"அப்புறம்?" என்றாள்.

"உள்ள கூப்புடுறான். போறாரு."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். நான் எதையும் மாத்தல."

"போன் பண்ணுங்க" என்றாள். "எனக்கு நம்பர் தெரியல, கண்ணு சரியில்ல பாருங்க." கைபேசியில் அந்த எண்ணைத் தொட்டால் போதும் என்பது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

தொட்டேன். மகள் எடுத்ததும் "அம்மா" என்றாள்.

"அப்பாதான்ம்மா" என்றேன். "லாட்ஜ் எல்லாம் வேண்டாம். வீட்டுக்கு வாங்க, மூணு பேரும்."

அவள் அழுகையை அடக்கிக்கொண்டு என்றுதான் நினைக்கிறேன், "எனக்குச் சந்தோஷம்தாம்பா. ஆனா அவர்கிட்ட நீங்களே சொல்லணும். நான் நடுவுல நிக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டுக் கைபேசியைக் கணவரிடம் கொடுத்தாள்.

பெண் கேட்க அவரும் அவர் அப்பாவும் எங்கள் வீட்டுக்கு வந்த நாளைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். இருவரையும் உட்காரச் சொன்னேன், மரியாதையாகத்தான் பேசினேன். ஆனால் கடைத்தெருவுக்கு ஆள் அனுப்பி, பேப்பர் கப்பில் டீ வாங்கிவரச் செய்து கொடுத்தேன். அன்றைக்கு அடுப்பில் எங்கள் வீட்டுப் பால் காய்ந்துகொண்டிருந்தது. அலமாரி நிறைய டம்ளர் இருந்தது. சாதியைப் பற்றி ஒரு வார்த்தைகூட நான் பேசவில்லை, பேசாமலே சொல்லிவிட்டேன். படித்தவன் செய்யும் காரியம் அது. அவர் அப்பா அந்தக் கப்பை ஒரு நிமிடம் பார்த்துவிட்டுக் குடித்தார். அதை என் மனைவியும் பார்த்தாள்.

இதையெல்லாம் மருமகனிடம் அப்படியே சொன்னேன். தப்பு என்றேன். அவர் கேட்டுக்கொண்டிருந்தார்.

"என்கிட்ட சொன்னதுக்கு நன்றி சார். என்னைப் பொறுத்தவரை அது முடிஞ்சு போச்சு. ஆனா எங்கப்பாகிட்ட நீங்க நேர்ல சொல்லணும். அதுக்கப்புறம் நாங்க வரோம்."

நியாயமான பேச்சு. கார்த்திகை கடைசியில், மனைவிக்குக் கண் ஓரளவு தெளிந்த பிறகு, திருத்துறைப்பூண்டிக்குப் பஸ் ஏறினேன். மருமகனின் அப்பா ஓய்வு பெற்று, அங்கே நிலம் வாங்கி விவசாயம் பார்க்கிறார். வழி நெடுக, அவர் கதவைச் சாத்தினால் என்ன செய்வது என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன். சாத்துவதற்கு அவருக்கு எல்லா உரிமையும் இருந்தது.

அவர் வாசலிலேயே இருந்தார். மகன் முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும். "வாங்க" என்றார். நாற்காலியில் உட்காரக்கூட இல்லை, நின்றபடியே சொன்னேன். பேப்பர் கப்பைச் சொன்னேன், ஏன் செய்தேன் என்பதையும் சொன்னேன். அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அன்னிக்கு உங்க வீட்டை விட்டு வந்ததும் பையன்கிட்ட சொன்னேன், இந்த இடம் வேணாம்டான்னு" என்றார். "அவன் கேக்கல. கேக்காததும் நல்லதுக்குத்தான், உங்க பொண்ணு நல்ல பொண்ணு. ஆனா நீங்க பண்ணது எனக்கு மறக்காது. வந்து சொன்னதும் மறக்காது. உக்காருங்க."

உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் நெல்லைப் பற்றிப் பேசினோம். அவருடைய சம்பா கதிர் விட்டிருந்தது, என்னுடையதும்தான். பிறகு அவர் கேட்டார்:

"பொங்கலுக்குப் பசங்க எத்தனை நாள் உங்க வீட்டுல?"

"பத்து நாள் லீவு. ஒரு வாரம் அங்க இருக்கட்டுமேன்னு..."

"ஒரு வாரமா? நல்லா இருக்கே உங்க நியாயம்! ஒன்பது வருஷம் கூப்புடாம இருந்துட்டு ஒரே தடவையில அள்ளிக்கிட்டுப் போகப் பாக்குறீங்க. பேத்தி எனக்கும் பேத்திதான். பொங்கலுக்கு அங்க இருக்கட்டும். மாட்டுப் பொங்கலுக்கு இங்க வந்துடணும்."

"அப்ப எனக்கு நாலு நாள் வருமா?"

"மூணு" என்றார். "ரொம்பக் கேட்டீங்கன்னா ரெண்டு."

மூன்றுக்குச் சம்மதித்தேன்.