புஷ்பத்துக்கு வால் கனம்

என் அக்கா புருஷன் வீரசிங்கத்தை எங்கள் தேயிலைத் தோட்டத்தில் தராசுக் கங்காணி என்றுதான் சொல்வார்கள். ஹல்துமுல்லைக்கு மேலே இருக்கும் எங்கள் டிவிசனில், பெண்கள் பறித்து வரும் கொழுந்தை மடுவம் என்கிற கொட்டகையில் வைத்து நிறுத்து, இத்தனை கிலோ என்று உரக்கச் சொல்வது அவர் வேலை. நிறுப்பதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. சாக்கைக் கொக்கியில் மாட்டினால் தராசே எண்ணைக் காட்டிவிடும். மாமாவின் திறமை அதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கும். அந்த எண் அவர் நிற்கும் பக்கம் மட்டும்தான் தெரியும். அதைப் பார்ப்பார், சாக்கை ஒரு தட்டுத் தட்டுவார், "தண்ணி" என்பார், இரண்டு கிலோவைக் கழித்துவிட்டு மிச்சத்தைச் சொல்வார். மழை பெய்தால் மழைத்தண்ணி. பெய்யாவிட்டால் பனித்தண்ணி. வெயில் மண்டையைப் பிளந்தால் கொழுந்து வேர்த்திருக்கிறதாம்.

மடுவத்துக்கு வெளியேயும் மனிதருக்கு இதே புத்திதான். எனக்குப் பிள்ளை பிறந்து மூன்று கிலோ என்று பதுளை ஆஸ்பத்திரியில் சொன்னபோது, "துணியோட சேத்து நிறுத்திருப்பாங்க" என்றார். அன்றைக்கே அவரை நான் கைகழுவியிருக்க வேண்டும்.

வினை நல்லம்மாவின் வாயில் வந்தது. எங்கள் மலையில் கொழுந்து எடுப்பவர்களில் நல்லம்மாவுக்கு வேகம் கையிலா வாயிலா என்று யாரும் இன்னும் கண்டுபிடிக்கவில்லை. ஒருநாள் சாயங்காலம் வரிசையில் நின்றுகொண்டு கேட்டாள்.

"ஏன் கங்காணி, ஒங்க பொண்டாட்டி சாக்குல மட்டும் தண்ணி ஏறாதோ?"

எல்லோரும் சிரித்தார்கள். அடுத்த சாக்கு என் அக்கா புஷ்பத்துடையது. மாமாவுக்குத் தன் நேர்மையை அங்கேயே நிரூபித்தாக வேண்டியிருந்தது. சாக்கைத் தட்டினார், நாலு கிலோவைக் கழித்தார், "பதினாறு" என்றார். எங்கள் தோட்டத்தில் பதினெட்டு எடுத்தால்தான் முழு நாள் சம்பளம். குறைந்தால் அரைப்பேர், அதாவது பாதிச் சம்பளம். வயிற்றில் பிள்ளையோடு மலை ஏறிய காலத்தில்கூட அக்கா அரைப்பேர் வாங்கியவள் இல்லை.

"திருப்பிப் போடுங்க" என்றாள்.

"தராசு பொய் சொல்லாது" என்றார் மாமா.

தராசு பொய் சொல்லாதுதான். அன்றோடு அக்கா அவரிடம் பேசுவதை நிறுத்திவிட்டாள். சோறு வரும், தட்டு 'ணங்' என்று தரையில் உட்காரும், அவ்வளவுதான். நான் அதே லயத்து வரிசை வீடுகளில் அவளுக்கு அடுத்த காம்பராவில் இருக்கிறேன். தாய்மார் மலைக்குப் போனதும் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளை மடுவத்தில் எனக்கு வேலை. அங்கே பத்துக் குழந்தைகளோடு கத்திவிட்டு வந்து உட்கார்ந்தால், அக்கா "சுபா, ஒங்க மாமாகிட்ட பருப்பு முடிஞ்சிருச்சுன்னு சொல்லு" என்பாள். மாமா கை எட்டும் தூரத்தில்தான் நின்றுகொண்டிருப்பார். இப்படியே மூன்று மாதம் ஓடியது. அவருக்காக நான் பரிதாபப்பட்டேன் என்று எழுதினால் பொய்.

அந்த மூன்று மாதத்துக்குள்தான், பேச ஆளில்லாத மனிதர் போனைப் பார்க்க ஆரம்பித்தார். அதில் தமிழ்நாட்டுக்காரர் ஒருவர் ரெஜிபோம் என்கிற தெர்மாகோலை வெட்டி, சின்ன மோட்டார் வைத்து, ரிமோட்டில் விமானம் விட்டுக்கொண்டிருந்தார். மாமாவுக்கு அது பிடித்துப்போனது. மோட்டார், பேட்டரி, வாலை அசைக்கும் குட்டி இயந்திரங்கள், ரிமோட் எல்லாம் கூரியரில் ஹல்துமுல்லை டவுனுக்கு வந்து சேர்ந்தன. ரெஜிபோம் மட்டும் மீன் லொறி இத்ரூஸ் நானா கொடுத்த உடைந்த மீன் பெட்டி. நாலு முறை சோப்புப் போட்டுக் கழுவியும் பாரை மீன் வாசம் போகவில்லை. இறக்கையைக் காயவைத்த அன்று லயத்துப் பூனைகள் எல்லாம் அதைச் சுற்றி வரிசையில் உட்கார்ந்திருந்தன.

வெட்டுவதும் ஒட்டுவதும் சுமாராக வந்தது. பிறகு எடையைச் சமன் செய்ய வேண்டும். அதற்கென்றே அந்தத் தமிழ்நாட்டுக்காரர் தனியாக ஒரு வீடியோ போட்டிருந்தார். மாமா அதைத் தள்ளிவிட்டு அடுத்ததற்குப் போனார்.

"எடையப் பத்தி எனக்கே பாடமா?"

விமானத்தின் முன்பாதியைக் கடைத் தராசில் வைத்து நிறுத்தார், பின்பாதியை நிறுத்தார். மோட்டாரும் பேட்டரியும் மூக்குப் பக்கம் இருந்ததால் முன்பக்கம் கனம் காட்டியது. இது அநியாயம் என்று பட்டது அவருக்கு. பேட்டரியை இறக்கைக்குப் பின்னால் நகர்த்தி இரண்டு பாதியையும் ஒரே எடையாக்கினார். உடம்புக்குச் சரி நடுவில் நூலைக் கட்டி விட்டத்தில் தொங்கவிட்டார். ஆடாமல் அசையாமல் நேராக நின்றது.

"பாத்தியா சுபா? இதுதான் நீதி."

எனக்கும் சரியாகத்தான் தெரிந்தது. இறக்கை நடுவில் இல்லை, மூக்குக்குப் பக்கத்தில் இருக்கிறது என்பதை நாங்கள் இரண்டு பேருமே யோசிக்கவில்லை. விமானத்தைக் காற்றில் தூக்கிப் பிடிப்பது இறக்கை, நூல் இல்லை.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. அக்காவைச் சமாதானப்படுத்துகிறேன் என்று, சிவப்புப் பெயின்டில் இறக்கை முழுக்கப் 'புஷ்பம்' என்று எழுதினார்.

ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குக் கீழே இருக்கும் மைதானத்தில் தோட்டமே கூடியது. அக்கா வரவில்லை, தண்ணீர் பிடிக்கும் பீலியில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். மாமா நாலு எட்டு ஓடி விமானத்தை வீசினார். அது மூக்கை வானத்துக்குத் தூக்கியது, அப்படியே செங்குத்தாக நின்று ஒரு கணம் யோசித்தது, பிறகு வால் கீழாகத் தொப்பென்று விழுந்தது. பிள்ளைகள் கத்திய கத்தல் பீலி வரைக்கும் கேட்டிருக்கும்.

"புஷ்பம் விழுந்துருச்சு! புஷ்பம் விழுந்துருச்சு!"

மறுபடி வீசினார். மறுபடி அதே. மைதானத்தின் அந்தக் கோடியிலிருந்து நல்லம்மா, "என்ன கங்காணி கோளாறு?" என்று கேட்டாள். மாமா வஞ்சகம் இல்லாமல், இந்தக் கோடியிலிருந்து பதில் சொன்னார்.

"புஷ்பத்துக்குப் பின்பக்கம் கனம்!"

துணி வாளியோடு அக்கா பாதையில் ஏறி வந்த நேரம் அதுதான். சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரம் ஆனது. நானும் சிரித்தேன், என்ன செய்வது, வந்துவிட்டது. அக்கா நிற்கவும் இல்லை, திரும்பிப் பார்க்கவும் இல்லை. அன்றிலிருந்து பருப்புச் செய்திகூட என் வழியாக வரவில்லை.

வால் கனம் என்றால் மாமாவுக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றே ஒன்றுதான். கத்தியை எடுத்து வாலைச் சீவ ஆரம்பித்தார். இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம், உள்பக்கம் குடைந்து கொஞ்சம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வந்தபோது வால் இருந்த இடத்தில் அப்பளம் மாதிரி ஒரு துண்டு மிச்சம் இருந்தது. போன தடவை விமானம் நின்று விழுந்தது. இந்தத் தடவை பம்பரமாகச் சுற்றி விழுந்தது. மீன் வாசத்துக்குக் காக்கைகளும் கூட வந்து துரத்தின. நல்லம்மா சிரித்த சிரிப்பில் வெற்றிலை புரையேறி, முதுகில் தட்டவேண்டி வந்தது.

அன்று சாயங்காலம் அக்கா என்னிடம் ஒரு செய்தி கொடுத்தாள்.

"வர்ற ஞாயித்துக்கெழமை கொஸ்லந்தைக்கு, அம்மா வீட்டுக்குப் போறேன்னு ஒங்க மாமாகிட்ட சொல்லு. எப்ப வருவேன்னு கேட்டா, தெரியாதுன்னு சொல்லு."

போய்ச் சொன்னேன். மனிதர் உட்கார்ந்து புது வால் ஒட்டிக்கொண்டிருந்தார். எனக்கு வந்த கோபத்தில் அந்த விமானத்தை அடுப்பில் வைத்திருப்பேன்.

"பொண்டாட்டி வீட்ட விட்டுப் போறேங்குறா. நீங்க மீன்பெட்டி ஒட்டிக்கிட்டு இருக்கீங்க!"

மாமா நிமிர்ந்தார். கண் கலங்கியிருந்தது. அவரை அப்படி நான் பார்த்ததே இல்லை.

"மூணு மாசமா அவ மொகத்தப் பாக்க முடியல, சுபா. நாலு கிலோன்னு சொன்ன அந்த நிமிசமே தப்புன்னு தெரிஞ்சிருச்சு. எல்லாரும் நின்னாங்க, வாய் வரல. இது ஒண்ணாவது ஒழுங்கா பறந்துட்டா அவகிட்டப் போயிருவேன். ஒண்ணத்துக்கும் ஒதவாதவனா எப்படிப் போய் நிக்கிறது?"

பைத்தியக்காரத்தனம்தான். ஆனால் எனக்கு மனசு இளகிவிட்டது. போனைப் பிடுங்கி, அவர் தள்ளிவிட்ட அந்த வீடியோவைப் போட்டு அவர் முன்னால் வைத்தேன். தமிழ்நாட்டுக்காரர் பொறுமையாகச் சொன்னார். இறக்கைக்கு அடியில், முன் விளிம்பிலிருந்து மூன்றில் ஒரு பங்கு தள்ளி, இரண்டு விரலை வைத்துத் தூக்குங்கள். வால் தொங்கினால் பேட்டரியை முன்னால் கொண்டுவாருங்கள். அப்படியும் தொங்கினால் மூக்கில் எடை வையுங்கள்.

"எடை வைக்கிறதா? ஏற்கெனவே விழுற சாமான் மேலயா?" மாமாவுக்கு நம்பிக்கை வரவில்லை. "இவனுக்குப் புத்தி கெட்டுப்போச்சு."

"கழிச்சுக் கழிச்சு ஒரு வாரம் பாத்தாச்சு. அவரு சொல்றதத்தான் ஒருக்கா செஞ்சு பாருங்களேன்."

பேட்டரியை மூக்குக்குக் கொண்டுபோனார். விரலில் தூக்கினார். வால் தொங்கியது. கூரைத் தகர ஆணிக்குப் போடும் இரும்பு வாசர் வளையம் ஒன்றை எடுத்து, சொந்தப் பல்லைப் பிடுங்கிக் கொடுப்பவர் முகத்தோடு, மூக்குக்குள் வைத்தார். இன்னொன்று வைத்தார். இன்னும் சில போன பிறகு வால் மெல்ல எழுந்தது. அவருடைய இரண்டு விரல் நுனியில் விமானம் மூக்கை லேசாகத் தாழ்த்திக்கொண்டு நின்றது.

ஞாயிறு காலையில் காற்றே இல்லை. அக்கா நல்ல சேலை கட்டி, துணிப்பையோடு மைதானத்து ஓரமாக நின்றாள். கொஸ்லந்தைப் பக்கம் போகும் பஸ் அங்கேதான் நிற்கும். மாமா அவளைப் பார்த்தார், விமானத்தை வீசினார்.

அது போனது. நேராகப் போனது, மெதுவாக ஏறியது, தேயிலைக்கு மேலே போனது. மாமா ரிமோட்டைப் பிடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்தால் விமானம்தான் அவரை ஓட்டுகிறது என்று தோன்றும். வலப்பக்கம் திருப்பப்போய் இடப்பக்கம் திருப்பினார். கோயில் கோபுரத்தில் மோதப் பார்த்தது, எப்படியோ தப்பி வட்டமடித்து வந்து, மைதானத்துக்கு மேல்பக்கத்துத் தேயிலைச் செடியில் உட்கார்ந்தது. இறக்கை உடையவில்லை. "புஷ்பம் பறக்குது!" என்று பிள்ளைகள் தொண்டை கிழியக் கத்தினார்கள். எனக்கும் கை தட்டாமல் இருக்க முடியவில்லை.

நல்லம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "என்னத்தச் செஞ்சீங்க கங்காணி? போன வாரம் சுத்திச் சுத்தி விழுந்துச்சே?"

"மூக்குல எடை வச்சேன்."

"வச்சீங்களா? நீங்களா? எவ்வளவு?"

"நாப்பது கிராம்" என்றார் மாமா.

அக்கா அந்த ஓரத்திலிருந்து வாயைத் திறந்தாள்.

"கழிக்காமச் சொல்லுங்க."

மாமா திரும்பினார். எதிரில் தோட்டமே நின்றது. "அறுபது" என்றார்.

"அன்னைக்கு என் சாக்கு?"

யாரும் சிரிக்கவில்லை. பஸ் வந்து நின்று ஹோன் அடித்தது. மாமா ரிமோட்டைக் கீழே வைத்தார்.

"இருபது" என்றார். மடுவத்தில் சொல்வதைவிட உரக்கச் சொன்னார். "இருபது கிலோ. தண்ணி இல்ல. நல்ல கொழுந்து. நான்தான் பொய் சொன்னேன்."

அக்கா பஸ்ஸைப் பார்த்துக் கையசைத்துப் போகச் சொன்னாள். பிறகு மைதானத்தைக் கடந்து வந்து, பையை அவர் கையில் திணித்துவிட்டு லயத்தை நோக்கி நடந்தாள். மாமா பின்னாலேயே போனார். மூன்று மாதமாகத் தேக்கி வைத்திருந்ததை அக்கா பாதையில் கால் வைத்ததுமே ஆரம்பித்துவிட்டாள். அரைப்பேர், பின்பக்கம், மீன் வாசம், அவர் அம்மா, ஒன்றையும் விடவில்லை. மேட்டு லயம் தாண்டும்வரை அவள் குரல் எங்களுக்குக் கேட்டது. மாமா பையைத் தோளில் போட்டுக்கொண்டு, அழுதுகொண்டே, ஒவ்வொன்றுக்கும் "ஆமா" என்று சொல்லிக்கொண்டே போனார்.