அகராதியார் வீட்டு அலமாரி

எங்கள் அத்தானுக்கு ஊர் வைத்த பெயர் அகராதியார். மரியாதையாக வைத்த பெயர் என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார். அகராதி பிடித்தவன் என்றால் யாருக்கும் அடங்காத வாய்க்காரன் என்பது தெருவில் திரியும் பூனைக்குக்கூடத் தெரியும். இத்தனை சொற்களுக்கு அர்த்தம் சொல்கிற மனிதருக்கு இந்த ஒன்று மட்டும் எட்டவில்லை. அப்படிக் கூப்பிட்டால் ஒரு புன்சிரிப்பு வேறு. சிரித்துவிட்டுப் போகட்டும்.

அவர் தொழில் இரும்பு அலமாரி செய்து விற்பது. முன்பக்கம் கடை, பின்பக்கம் பட்டறை. தகடு வெட்ட ஒருவர், வெல்டர் ஒருவர், அளவெடுக்க ஒருவர், பெயின்ட் அடிக்க நான். நான் அவர் மனைவியின் தம்பி. அதனால் பட்டறையில் வாங்கிய திட்டு போதாமல் வீட்டில் சாப்பிட உட்காரும்போதும் வாங்குவேன்.

வேலையில் அவரைக் குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். அவர் கடை அலமாரியின் கதவைச் சாத்தினால் 'டப்' என்று ஒரே சத்தம், கடகட பேச்சே கிடையாது. கடையில் ஒரு சட்டம் உண்டு: வாசலைப் பார்க்காமல் தகட்டை வெட்டாதே. எங்கள் அலமாரி முழுக்க வெல்டிங் வைத்தது, கழற்றி மாட்ட முடியாது. அதனால் ஆர்டர் கொடுத்தவர் வீட்டுக்கு அளவுக்காரர் போய் வாசல், மாடிப்படித் திருப்பம், கூரை உயரம் எல்லாம் அளந்து வந்த பிறகுதான் தகட்டில் கத்தி படும். வாடிக்கையாளர் எவ்வளவு அவசரப்பட்டாலும் சரி, "அம்மா, பொண்ணைப் பாக்காம தாலி கட்ட முடியுமா?" என்று அத்தான் சிரித்துக்கொண்டே ஆளை அனுப்புவார்.

வியாதி அங்கே இல்லை, சொல்லில் இருந்தது. எங்கள் தெரு துறைமுகத்தை ஒட்டியது. பல பாஷைக்காரர்கள் வருவார்கள். ஒருநாள் எங்கள் பாஷையில் ஒரு வார்த்தை தெரியாத ஒருவர் கையை ஆட்டி, காலை ஆட்டி, கடைசியில் "அல்மாரி" என்றார். இன்னொரு நாள் வேறு ஒருவர் "லெமாரி" என்றார். அவ்வளவுதான், அத்தானுக்குப் பேய் பிடித்துக்கொண்டது. அன்றிலிருந்து கடைக்குள் கால் வைக்கிறவரிடம் முதல் கேள்வி, "உங்க ஊர்ல இதுக்கு என்ன பேரு?" இந்தியோ, வங்காளமோ, மலாய் மொழியோ, சிங்களமோ, எந்தப் பாஷைக்காரர் சொன்னாலும் உடனே ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி நூலால் கட்டி வைத்துக்கொள்வார். வந்தவர் விலை கேட்டுக் கேட்டு வாய் வலித்துத் திரும்பிப் போவார்.

எல்லாம் நம் சொல்தான் என்பது அவர் தீர்ப்பு. "அலை, மாரி. கடலலையிலேர்ந்தும் மழையிலேர்ந்தும் பொருளைக் காப்பாத்துறது எதுவோ, அது அலமாரி. நம்ம ஆளுங்க கப்பல்ல கொண்டு போய் உலகத்துக்கே குடுத்தது மாப்ளே!"

"நம்ம வீட்டுல மழை வந்தா கட்டிலுக்கு அடியில துணிதான் நனையுது," என்பாள் அக்கா, அடுப்படியிலிருந்து.

அவள் சொன்னது உண்மை. அலமாரிக்காரர் வீட்டில் அலமாரி கிடையாது. பெண் பார்க்க வந்தபோது எங்கள் அப்பாவிடம், "என் வீட்டுல அலமாரிக்கா பஞ்சம்?" என்று மார்தட்டியவர் இவர். அப்பாவும் நம்பினார், பாவம். வந்த நாளிலிருந்து அக்காவின் துணிமணி அட்டைப்பெட்டிகளில்தான். 'வீட்டுக்கு' என்று செய்ய ஆரம்பித்த ஒவ்வொன்றையும் பெயின்ட் காய்வதற்குள் யாரோ கேட்டு வாங்கிப் போய்விடுவார்கள். ஒருமுறை ஒன்று வீடு வரைக்கும் வந்தது. அக்கா துணியை மடித்து எடுத்து வருவதற்குள் எல்லாத் தட்டிலும் இவருடைய காகிதக் கட்டுகள் தட்டுக்கு ஒன்றாக ஏறி உட்கார்ந்துகொண்டன. பிறகு அதையும் யாருக்கோ அவசரம் என்று விற்றார்.

அக்காவுக்கு அது வெறும் துணி வைக்கிற சமாசாரமாக இல்லை. அந்த வீட்டில் அவருடைய உறவுக்காரர்கள் வருவார்கள், போவார்கள், கட்டிலுக்கடியில் குனிந்து எதையாவது துழாவி எடுப்பார்கள். அவள் தையல் மெஷினில் சம்பாதித்ததை அரிசிக்குள் ஒளித்து வைத்திருந்ததை நானே பார்த்திருக்கிறேன். "எனக்குன்னு ஒரு கதவு, ஒரு பூட்டு, ஒரு சாவிடா. தங்கத்துலயா கேட்டேன்?" என்று ஒருநாள் என்னிடம் சொன்னபோது அவள் குரல் உடைந்துவிட்டது.

இப்படி இருக்கையில் நூலகத்துக்குப் புத்தக அலமாரிகள் செய்து கொடுத்தோம். கொண்டுபோய் இறக்கிய இடத்தில் அத்தான் தன் அலையையும் மாரியையும் அவிழ்த்துவிட்டார். நூலகத்து அம்மா பொறுமையாகக் கேட்டார். பிறகு தலையணை பருமனில் ஒரு அகராதியை எடுத்துக் காட்டினார். சொல் போர்த்துக்கீசியரின் கப்பலில் வந்ததாம். அவர்களுக்கு லத்தீனிலிருந்து வந்ததாம். ஆதியில் அதற்கு ஆயுதங்களும் கருவிகளும் வைக்கிற இடம் என்று அர்த்தமாம். பிறகுதான் புத்தகம் வந்தது, துணி வந்தது. கப்பல் நின்ற துறைமுகங்களில் சரக்கோடு சொல்லும் இறங்கி, ஊர் ஊராக நடந்து போயிருக்கிறது என்றார் அந்த அம்மா.

அத்தான் முகத்தில் ஈயாடவில்லை. கடையில் உட்கார்ந்தவர் பேசவில்லை, திட்டவில்லை. இழவு விழுந்த வீடு மாதிரி இருந்தது பட்டறை. எங்களுக்கு அது பண்டிகையாக இருந்தது என்பது வேறு விஷயம். ஆனால் குப்புற விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டாத பரம்பரை அல்லவா, இரண்டொரு நாளில் எழுந்துவிட்டார்.

"மாப்ளே! ஆயுதம் வைக்கிற இடமாம்டா. அப்ப நாம செய்யறது என்ன சாதாரணப் பெட்டியா? ஆயுதசாலை! அது சரி, அந்தக் கப்பல்காரனுக்கு அந்தச் சொல்லை முதல்ல யாரு குடுத்திருப்பா? கொஞ்சம் யோசி."

நான் யோசிக்கவில்லை. பெயின்ட் துப்பாக்கியைக் கழுவப் போய்விட்டேன்.

இவருடைய ஆர்வத்தைப் பார்த்து நூலகத்து அம்மா, ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து பேசச் சொன்னார். நல்ல மனசு. தேளை எடுத்து மடியில் கட்டிக்கொள்கிறோம் என்று அவருக்குத் தெரியாது. பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்ட கூடத்தில் பட்டறை ஆட்கள் எல்லாம் கட்டாயத்தின்பேரில் ஆஜர். அக்கா முன்வரிசையில். கட்டியிருந்த நல்ல புடவையில் அட்டைப்பெட்டியின் மடிப்பு அப்படியே தெரிந்தது.

அத்தான் பேசினார். பேசினார். கப்பலில் ஏறினார், இறங்கினார், மறுபடி ஏறினார். உச்சத்துக்குப் போன வேகத்தில் மேஜையைத் தட்டி ஒரு வாக்கியத்தைப் போட்டார்: "அலமாரி இல்லாத வீடு நாகரிகம் நுழையாத வீடு!"

கேள்வி இருந்தால் கேட்கலாம் என்றார் நூலகத்து அம்மா. அக்கா எழுந்தாள்.

"எனக்கு ஒரே ஒரு சந்தேகம்ங்க. அந்தச் சொல்லு எந்தத் தேசத்துலேர்ந்து வேணா வந்திருக்கட்டும். அந்த அலமாரி நம்ம வீட்டுக்கு எப்ப வரும்?"

வெல்டர் சிரிப்பை இருமலாக்கப் பார்த்தார், முடியவில்லை. கூடமே சிரித்தது. எனக்கு எழுந்து நின்று கைதட்ட வேண்டும்போல இருந்தது. சம்பளக்காரன் கை எங்கே எழும்? குனிந்து என் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அத்தான் சுண்டிப்போன முகத்தை நிமிர்த்திச் சபையறியச் சொன்னார், "அடுத்த வாரம் வருது. இந்த ஊர் இதுவரைக்கும் பாக்காத அலமாரி வருது!"

சும்மா சொல்லக்கூடாது, சொன்னபடியே செய்ய ஆரம்பித்தார். மூன்று கதவு. நடுக் கதவில் ஆளுயரக் கண்ணாடி. கண்ணாடியைச் சுற்றி அவர் சேர்த்த அத்தனை பாஷையிலும் அந்தச் சொல். எழுதியது நான்தான். இடமிருந்து போகிற எழுத்து, வலமிருந்து வருகிற எழுத்து என்று கழுத்துச் சுளுக்கிவிட்டது. எல்லாவற்றுக்கும் மேலே நம் எழுத்து, இரட்டைப் பருமனில்.

தகடு வெட்டுவதற்கு முன் அளவுக்காரர் தலையைச் சொறிந்துகொண்டு வந்தார். "முதலாளி, வாசல் அளவு..."

"யோவ், என் வீட்டு வாசலை எனக்கே அளந்து காட்டப் போறியா? தினமும் நான் நுழையற வாசல்யா அது!"

அளவுக்காரர் நாடாவைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டார்.

அலமாரி வண்டியில் ஏறி வந்த காலை, தெருவே வேடிக்கை பார்த்தது. அக்கா விடியும் முன்பே எழுந்து மூலையைக் கூட்டித் துடைத்து வைத்திருந்தாள். பெட்டிகளிலிருந்து எடுத்த துணியெல்லாம் அடுக்கடுக்காகக் கட்டிலில் காத்திருந்தது. அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் அவள் கல்யாணத்தில்கூடப் பார்க்கவில்லை.

வீடு மாடியில். கீழ் வாசலில் எப்படியோ நுழைந்தது. படியின் முதல் திருப்பத்தில் நின்றது. நின்றது நின்றதுதான். சாய்த்தோம், படுக்க வைத்தோம், தலைகீழாக்கினோம். வெல்டரின் விரல் நசுங்கியது. மேல்வீட்டுக்காரர் வேலைக்குக் கிளம்பி வந்தவர், அலமாரிக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டு, "நான் லீவு சொல்லட்டுமா, வேணாமா?" என்று கத்தினார். கடைசியில் கீழேயே இறக்கி, தெருவோரம் நிறுத்தினோம்.

அத்தான் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார், "படி இவ்வளவு குறுகல்னு யாருக்குத் தெரியும்?"

ஊருக்கெல்லாம் குறி சொல்லுமாம் பல்லி, கழனிப்பானையில் விழுமாம் துள்ளி. அளவுக்காரர் வானத்தைப் பார்த்தார். நான் அக்காவைப் பார்த்தேன். அவள் கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். வாசற்படியில் நின்று அந்த மூன்று கதவையும் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு மேலே போய் துணியை மறுபடி அட்டைப்பெட்டியில் அடுக்க ஆரம்பித்தாள்.

அன்று முழுக்க அத்தான் படி கட்டியவனைத் திட்டினார், சுவரை இடிக்கலாமா என்று கேட்டார். எதிர்ப்பு வந்ததும், "படி"க்கு மற்ற பாஷைகளில் என்ன பெயர் என்று ஆரம்பித்தார். அக்கா காதில் போட்டுக்கொள்ளவில்லை. மறுநாள் காலை தையல் காசை அரிசியிலிருந்து எடுத்தாள், செருப்பை மாட்டினாள், நேரே அடுத்த தெருப் போட்டிக் கடைக்குப் போனாள்.

அந்தக் கடைக்காரருக்குச் சொல் சங்கதி எதுவும் கிடையாது. அவருக்கு அலமாரியும் பீஸ், கட்டிலும் பீஸ். "ரெண்டு கதவு பீஸா? ஆள் வந்து அளந்துட்டுப் போவான்மா," என்றாராம்.

ஆள் வந்தார். வாசலில் அத்தானைப் பார்த்ததும் நாடாவை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். "அகராதியார் வீடா! ஐயையோ, தெரியாம வந்துட்டேன்ங்க."

"சரியான வீட்டுக்குத்தான் வந்திருக்கீங்க. அளங்க," என்றாள் அக்கா.

படித் திருப்பத்தில் நாடா வழுக்கிக்கொண்டே இருந்தது. அக்கா திரும்பினாள். "என்னங்க, சும்மாதானே உக்காந்திருக்கீங்க? அந்த முனையைக் கொஞ்சம் புடிங்க."

அத்தான் எழுந்தார். போட்டிக் கடைக்காரனின் நாடா முனையைச் சுவரோடு வைத்து அழுத்திப் பிடித்தார். அந்த ஆள் அளவைச் சொல்லும்போது மட்டும் கண்ணை மூடிக்கொண்டார்.

இரண்டு கதவு, சாம்பல் நிறம், ஒரு எழுத்துக் கிடையாது. பூனைக்குட்டி மாதிரி படியேறிப் போய் மூலையில் உட்கார்ந்துகொண்டது. அத்தான் கீலை ஆட்டிப் பார்த்து, "வெல்டிங் சுமார்தான்," என்றார். அக்கா துணி அடுக்கினாள், அரிசிக்குள் மிச்சமிருந்ததை எடுத்து அலமாரியின் உள்ளறையில் வைத்தாள், சாத்தினாள், பூட்டினாள். மறுபடி திறந்தாள். மறுபடி பூட்டினாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது, ஆம்பிளை என்ன ஆம்பிளை.

அத்தான் காகிதக் கட்டுகளை மார்போடு அணைத்துக்கொண்டு வந்து நின்றார். பார்க்கச் சகிக்காமல் நான்தான் சொன்னேன், "ஒரே ஒரு தட்டு அவருக்குக் குடேன்க்கா."

அக்கா சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"எதுக்கு? அவருக்குத்தான் தெருவுல ஒண்ணு நிக்குதே, அத்தனை பாஷையிலயும் பேரோட."

அத்தான் கட்டுகளோடு படியிறங்கிப் போனார். அந்த மூன்று கதவையும் திறந்து அடுக்க ஆரம்பித்தார். எல்லாம் வைத்து முடித்தும் பாதித் தட்டுகூட நிறையவில்லை.