கடைசி வரிசையில் உயர்ந்த கை

சவுண்டுக்காரரின் காதைப் பற்றி எங்கள் தெருவில் உலவும் கதைகளில் பாதி நான் கிளப்பிவிட்டவை. ஸ்பீக்கர் பெட்டிக்குள் எறும்பு ஊர்ந்தால், அது உள்ளே போகிறதா வெளியே வருகிறதா என்று சொல்லிவிடுவார் என்பது என் சரக்கு. மூடிய கதவுக்கு வெளியே நின்றுகொண்டு, உள்ளே எரியும் மூன்று டியூப் லைட்டில் எது இரைகிறது என்று சொன்னது நிஜம்; நானே பார்த்தேன். ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளையின் தொண்டையில் கிளம்பிய தும்மல் மூக்குக்கு வந்து சேர்வதற்குள் மைக்கை அணைத்துவிட்டாராம். இதை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று இப்போது எனக்கே மறந்துவிட்டது.

ஆனால் இனிமேல் சொல்லப்போவதில் நான் உப்பும் சேர்க்கவில்லை, காரமும் சேர்க்கவில்லை. சேர்க்க மனசு வரவில்லை. அவர் தன் வாயால் சொன்னது. சொல்லும்போது என் முகத்தைப் பார்க்காமல் ஒரு ஒயரை உரித்துக்கொண்டே இருந்தார். தேவைக்கு மேல் ஒரு முழம் உரித்துவிட்டார்.

அவர் கடை ஒடுங்கிய ஓர் அறை. சுவர் முழுக்க ஸ்பீக்கர் பெட்டிகள், தரை முழுக்க ஒயர்ச் சுருள்கள், மேஜைமேல் வயிறு திறந்து கிடக்கும் ஏதாவது ஓர் ஆம்ப்ளிஃபயர். பள்ளி விட்டதும் மகள் அங்கே வந்துவிடுவாள். ஒரே பெண், எட்டு வயது. ஓடிக்கொண்டிருக்கும் ஸ்பீக்கர் பெட்டியில் முதுகைச் சாய்த்துக்கொண்டுதான் வீட்டுப்பாடம் எழுதுவாள். "பாத்தீங்களா, சத்தம்னா என் பொண்ணுக்கு உயிரு" என்று வருகிறவர்களிடமெல்லாம் பெருமை அடித்துக்கொள்வார்.

பெருமைக்குப் பக்கத்திலேயே ஒரு குறையும் குந்தியிருந்தது. பெண்ணுக்கு மறதி.

சவுண்டுக்காரர் எப்போதும் மெல்லத்தான் பேசுவார். நாள் முழுக்கச் சத்தத்தில் புழங்குகிறவர்களுக்கு அது ஒரு பழக்கம். அதுவும் தலையை ஏதாவது பெட்டிக்குள் விட்டுக்கொண்டு, பெட்டியோடு பேசுவது போலப் பேசுவார். "அந்தச் சின்ன ஸ்க்ரூ டிரைவர எடுத்துட்டு வாம்மா" என்பார். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பிப் பார்த்தால் அவள் வெறும் கையோடு நின்றுகொண்டிருப்பாள்.

"என்ன கேட்டேன் உன்ன?"

"மறந்துட்டேன்பா."

"ரெண்டடி தூரம் போறதுக்குள்ளயா?"

வீட்டிலும் இதே பாட்டுதான். அம்மா குழாயடியில் பாத்திரம் தேய்த்தபடி மூன்று சாமான் வாங்கி வரச் சொன்னால் ஒன்றோடு வருவாள். பள்ளியில் டீச்சர், "சொன்னது எதுவும் நினைவில் தங்குவதில்லை" என்று டைரியில் எழுதி எழுதியே ஒரு பேனாவைத் தீர்த்தார். வேடிக்கை என்னவென்றால், புத்தகத்தில் இருப்பதை ஒரு தடவை படித்தால் புள்ளி விடாமல் ஒப்பிப்பாள். வாயால் சொன்னது மட்டும்தான் தங்காது. இந்த வித்தியாசத்தை அம்மா, அப்பா, டீச்சர் மூன்று பேரும் இரண்டு வருடம் கண்ணெதிரே வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவருக்கும் உறைக்கவில்லை.

ஞாபக சக்தி டானிக் கொடுத்தார்கள். பாதாம் ஊற வைத்துக் கொடுத்தார்கள். விரலில் நூல் கட்டினார்கள். நூல் எதற்கு என்று கேட்டதற்கு, "மறந்துட்டேன்" என்றாள். அன்றைக்குத்தான் சவுண்டுக்காரர் அவளுக்குப் பட்டம் சூட்டினார்: மறதி மகாராணி. கடையில் அவருக்குக் கூடமாட வேலை செய்யும் நெட்டை மனிதர் ஒருவர் உண்டு. ஏணி இல்லாமலே கம்பத்தில் ஸ்பீக்கர் கட்டுவதால் அவருக்கே ஏணி என்று பெயர். அவர் பட்டத்தைச் சுருக்கி மகாராணி ஆக்கிவிட்டார்.

ஒரு நாள் அவள் தண்ணீர் பாட்டிலைத் தொலைத்துவிட்டு வந்தாள். சவுண்டுக்காரர் விளையாட்டாக, பழுது பார்த்துக்கொண்டிருந்த மைக்கைக் கையில் எடுத்தார். வாசலில் நிறுத்தியிருந்த பெரிய ஸ்பீக்கர் அதிர, "பொதுமக்கள் கவனத்துக்கு! மறதி மகாராணி ஆறாவது தண்ணீர் பாட்டிலையும் தொலைத்துவிட்டார்!" என்று அறிவித்தார். தெருவே சிரித்தது. நானும் ஜன்னலில் நின்று சிரித்தேன். அவளும் சிரித்தாள், எல்லோர் முகத்தையும் ஒருமுறை பார்த்துவிட்டு.

சவுண்டுக்காரர் கல்நெஞ்சக்காரர் இல்லை. திட்டிய மறுநாள் அவருக்கே ஒரு மாதிரி இருக்கும். காலையில் வேனில் கொண்டுபோய் விடும்போது, அவள் இறங்கிப் பள்ளி கேட்டைப் பார்த்து நடக்கத் தொடங்கியதும், அந்த முதுகைப் பார்த்து மெல்லச் சொல்வார்: "அப்பா திட்டினத மனசுல வச்சுக்காதடா கண்ணு." அவள் திரும்பாமல் போய்விடுவாள். கோபமாக இருக்கும், சாயங்காலம் சரியாகிவிடும் என்று வண்டியைக் கிளப்புவார். சொல்லிவிட்டோம் என்ற நிம்மதி அவருக்கு.

பரீட்சை முடிந்ததும் தலைமையாசிரியை கூப்பிட்டு அனுப்பினார். "இன்னொரு வருஷம் மூணாம் வகுப்புலயே இருக்கட்டும். ஞாபகம் கொஞ்சம் முதிரட்டும். உங்க சம்மதம் வேணும்" என்று ஒரு தாளை நீட்டினார். சவுண்டுக்காரர் மறுபேச்சுப் பேசாமல் தன் சட்டைப் பையிலிருந்த பேனாவாலேயே கையெழுத்துப் போட்டார்.

தாளின் நகலை வேனில் அவளே எடுத்துப் படித்தாள். படிப்பதில்தான் கெட்டிக்காரியாயிற்றே. வீட்டு வாசல் வரும்வரை அதை மடித்தும் பிரித்தும் கொண்டிருந்தாள். பிறகு, "அப்பா, இனிமே மறக்கவே மாட்டேன்பா. கையெழுத்த அழிச்சிட்டு வந்துடுங்கப்பா" என்றாள்.

"எல்லாம் உன் நல்லதுக்குத்தான்" என்றார், ஹேண்ட்பிரேக்கை இழுத்துக்கொண்டே.

லீவில் ஒரு மண்டபத்தில் கூட்டத்துக்கு ஒலிபெருக்கி கட்டும் வேலை வந்தது. மண்டப வேலை என்றால் அவளையும் கூட்டிப்போவார். அவளுக்கு அங்கே ஒரு பதவி உண்டு. கடைசி வரிசை நாற்காலியில் போய் உட்கார வேண்டும். மேடையில் அவர் மைக்கைப் பிடித்து, "ஒண்ணு, ரெண்டு, மூணு, கேக்குதா?" என்பார். கேட்டால் கையைத் தூக்க வேண்டும். இரண்டு வருடத்தில் அவள் கை ஒரு தடவைகூடத் தவறியதில்லை. அந்த இரண்டு வருடமாகப் பின் வரிசைக்காரர்கள் ஒன்றும் கேட்கவில்லை என்று அங்கங்கே சண்டை பிடித்ததும், "என் பொண்ணு கடைசி வரிசையில உக்காந்து கேக்குதுன்னு கை தூக்கினா, உங்களுக்கென்ன கேடு?" என்று இவர் மல்லுக்கு நின்றதும் தனிக்கதை.

அன்று மதியம் ஏணி மேடைக்குப் பின்னால் குனிந்து ஏதோ செய்துகொண்டிருந்தார். சவுண்டுக்காரர் மைக்கைப் பிடித்தார். "ஒண்ணு, ரெண்டு, மூணு, கேக்குதா?"

கடைசி வரிசையில் கை உயர்ந்தது.

"அண்ணே!" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. "நான் இன்னும் மெயினே போடலண்ணே. ஃபியூஸு என் கையில இருக்கு."

கையிலிருந்த மைக்கைப் பார்த்தார். விளக்கு எரியவில்லை. செத்த மைக்.

ஏணி தலையை நீட்டி, தூரத்தில் இன்னும் உயர்ந்தே இருந்த கையைப் பார்த்தார். விழுந்து விழுந்து சிரித்தார். "மகாராணிக்குக் கரண்ட் இல்லாமலே கேக்குதுண்ணே! நம்ம பொழப்பு போச்சு. கடைய மூடிட வேண்டியதுதான்."

சவுண்டுக்காரருக்கு முதலில் கோபம்தான் வந்தது. இத்தனை நாள் ஏமாற்றியிருக்கிறாள்! ஆனால் தொழில் புத்தி என்று ஒன்று இருக்கிறதே, அது கோபத்தைவிடப் பழசு. பழுது எங்கே என்று தெரியாவிட்டால் ஒவ்வொன்றாக மாற்றிப் பார்க்க வேண்டும். அவர் மைக்கை வாய்க்குக் கொண்டுபோனார். குரலே கொடுக்காமல் உதட்டை மட்டும் அசைத்தார். கை உயர்ந்தது. திரைக்குப் பின்னால் போய் மறைந்துகொண்டு, வழக்கமான குரலில், "கேக்குதாம்மா?" என்றார். திரையிடுக்கு வழியாகப் பார்த்தார். கை மடியில் கிடந்தது. திரையை விட்டு வெளியே வந்ததுதான் தாமதம், கை மேலே போனது.

ஏணி சிரிப்பை நிறுத்திவிட்டார்.

சவுண்டுக்காரர் மண்டபத்தின் ஓரமாகவே சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனார். அவளுடைய முதுகுக்குப் பின்னாலிருந்த கதவருகே நின்று, "கண்ணு" என்றார். நாலடி முன்னால் வந்து, "கண்ணு" என்றார். இன்னும் நாலடி. அவள் காலை ஆட்டிக்கொண்டு காலி மேடையையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். எந்த மண்டபத்துக்கும் அவர் அவ்வளவு கவனமாகச் சோதனை செய்ததில்லை. நாற்காலிக்கு ஒரு சாண் பின்னால் நின்று கூப்பிட்டும் அவள் திரும்பவில்லை. அவர் நிழல் மடியில் விழுந்த பிறகுதான் திரும்பினாள்.

அப்பாவின் முகத்தைப் பார்த்ததும் அவள் உதடு தானாகவே சொல்லியது: "மறந்துட்டேன்பா."

காது டாக்டரிடம் போனார்கள். அவர் ஒரு குட்டி விளக்கை வைத்துப் பார்த்தார். கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்து மெஷினில் சோதித்தார். "செவிப்பறைக்குப் பின்னாடி நீர் கட்டியிருக்கு, ரெண்டு பக்கமும். பசை மாதிரி. சின்னப் பிள்ளைங்களுக்குச் சளி பிடிச்சுப் பிடிச்சு இப்படி ஆகறது சகஜம். மெல்லப் பேசினா கேக்காது; கத்தினா கேக்கும். ஞாபகத்துல ஒரு குறையும் இல்ல. காதுல விழாதத எப்படிங்க ஞாபகம் வச்சுக்கும்?" என்றார். இரண்டு காதிலும் ஒரு சின்னக் குழாய் வைத்தால் போதுமாம். பிறகு சாதாரணமாகத்தான் கேட்டார்: "நீங்க என்ன வேலை பாக்கறீங்க?"

சவுண்டுக்காரர் தரையைப் பார்த்தார். "எலக்ட்ரிக்கல் வேலைங்க."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவி அவரை ஒரு பார்வை பார்த்தாள். காட்டிக்கொடுக்கவில்லை. அவள் மட்டும் என்ன, தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு இரண்டு வருடம் வேலை சொன்னவள்தானே.

டாக்டரிடம் மறைத்ததைப் பள்ளியில் மறைக்க முடியவில்லை. கையெழுத்தைத் திரும்பக் கேட்கப் போனபோது தலைமையாசிரியை ரிப்போர்ட்டை இரண்டு தடவை படித்தார். கண்ணாடியைக் கழற்றினார். "நம்ம ஸ்கூலுக்கு மைக் செட் போடறது நீங்கதானே?"

"ஆமாங்க."

"உங்களுக்குமா தெரியல?"

தலைமையாசிரியை கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். "எங்களுக்கும்தான் தெரியல" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, அந்தத் தாளை எடுத்து நாலாகக் கிழித்தார். கிழிந்த துண்டுகளைக் குப்பைத் தொட்டியில் போடாமல் சவுண்டுக்காரரின் கையில் கொடுத்தார். ஏன் கொடுத்தார் என்று அவருக்கு இன்றைக்கும் தெரியாது. பர்ஸில் வைத்திருக்கிறார்.

குழாய் வைத்து வீட்டுக்கு வந்த அன்று அவள் காதைப் பொத்திக்கொண்டு வீடெல்லாம் திரிந்தாள். ஃபேன் இவ்வளவு சத்தம் போடுமா என்றாள். அம்மாவின் வளையல் பேசுகிறது என்றாள். சவுண்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து, கேட்காமல் இருக்க முடியாமல் கேட்டுவிட்டார்.

"காது கேக்கலன்னு அப்பாகிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமேடா? ஏன் மறந்துட்டேன் மறந்துட்டேன்னு சொன்ன?"

"எல்லாருக்கும் அப்படித்தான் கேக்கும்னு நெனச்சேன்பா." விரலை மடக்கிக்கொண்டு யோசித்தாள். "அப்புறம், 'என்ன? என்ன?'ன்னு கேட்டா, 'காது செவிடா?'ன்னு கத்துவீங்க. மறந்துட்டேன்னு சொன்னா ஒரு குட்டு குட்டிட்டு, கிட்ட வந்து நின்னு மறுபடியும் சொல்வீங்கல்ல? அப்ப நல்லா கேக்கும்."

அவர் எழுந்து கொல்லைப்புறம் போய்விட்டார். குட்டிய கையை என்ன செய்வது என்று தெரியாமல் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு நின்றாராம். அங்கே நின்றபோதுதான் இன்னொன்று பிடிபட்டது. டாக்டர் என்ன சொன்னார்? மெல்லப் பேசினால் கேட்காது, கத்தினால் கேட்கும். அப்படியானால் இரண்டு வருடத்தில் திட்டியது எல்லாம் அவள் காதில் விழுந்திருக்கிறது. மைக்கில் அறிவித்தது நன்றாகவே விழுந்திருக்கிறது. பள்ளி வாசலில் முதுகைப் பார்த்துச் சொன்னதில் ஒன்றுகூட விழவில்லை. அத்தனை நாள் அவர் பள்ளி கேட்டிடம்தான் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார்.

பள்ளி திறந்தது. நாலாம் வகுப்பின் முதல் நாள். வேனை நிறுத்தினார். அவள் புதுப் பையை மாட்டிக்கொண்டு இறங்கி நடந்தாள். வழக்கத்தால்தானோ வேறெதாலோ, வாய் தானாகத் திறந்துகொண்டது. "அப்பா திட்டினத மனசுல வச்சுக்காதடா கண்ணு."

பத்தடி தள்ளிப் போயிருந்தவள் நின்றாள். திரும்பினாள்.

"என்னப்பா சொன்னீங்க?"

சுற்றிலும் பிள்ளைகள், பெற்றோர்கள், ஹாரன் சத்தம். ஆயிரம் பேர் உட்காரும் மண்டபத்தில் மைக் பிடித்துப் பழகியவருக்கு அந்த ஒரு வரியைத் திரும்பச் சொல்ல வரவில்லை. முகம் சுட்டது. ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"மறந்துட்டேம்மா."

அவள் அவரையே கொஞ்ச நேரம் பார்த்தாள். அந்த வித்தையைக் கண்டுபிடித்தவளே அவள்தானே. நடந்து திரும்பி வந்தாள். வேன் கதவைத் திறந்தாள்.

"எறங்குங்கப்பா" என்றாள். "கிட்ட வந்து நின்னு மறுபடியும் சொல்லுங்க."

அவர் இறங்கினார்.