பாதி வழியில் திரும்புகிறவன்

தம்போயில் இருக்கும் சந்திரமதியின் வீட்டில், வாசலைத் தாண்டிவிட்டால் தாண்டியதுதான். எதையாவது மறந்துவிட்டேன் என்று யாரும் திரும்பி உள்ளே வர முடியாது. கைப்பேசியோ பணப்பையோ, கேட்டுக்கு வெளியே நின்று குரல் கொடுக்க வேண்டும். அவரே எடுத்து வந்து நீட்டுவார். ஐந்தாம் படிவத் தேர்வன்று மகன் ஹேமநாதன் அடையாள அட்டையை விட்டுப் போனபோது, இரவு உடையோடு தெருமுனை வரை ஓடி, பள்ளிப் பேருந்தின் ஜன்னல் வழியாக அதை வீசியவர் அவர். இன்னொரு நாள் காலணி மாற்ற மறந்தவன் நாள் முழுக்க சிலிப்பரோடு பள்ளியில் திரிந்தான். ஆசிரியர் திட்டினார். அம்மாவின் திட்டுக்கு அது எவ்வளவோ தேவலை.

சகுனம் பார்க்காத வீடு எது? ஆனால் மற்ற வீடுகளில் இதற்கொரு பரிகாரம் உண்டு. கிளம்பியவர் திரும்பி வந்தால், உட்கார வைத்து ஒரு வாய் தண்ணீர் கொடுத்து மறுபடி அனுப்பிவிடுவார்கள். சந்திரமதியிடம் அந்தப் பரிகாரமும் செல்லாது. காரணம், அவருடைய கணவர் கனகராஜ்.

அப்போது அவர்கள் ரெங்கம் என்ற சிற்றூரில் இருந்தார்கள். கனகராஜ் எண்ணெய் மில்லுக்குச் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டினார். ஒரு மழைக் காலையில் கிளம்பிப் போனவர், லைசென்ஸை மறந்துவிட்டுப் பாதி வழியில் திரும்பி வந்தார். சந்திரமதி சொம்பும் கையுமாக வாசலுக்கு வந்தார்.

"உக்காந்து ஒரு வாய் குடிச்சிட்டுப் போங்களேன்."

"அட போ மதி, ஏற்கெனவே லேட்டு. மில்லுல எல்லாரும் லைன் கட்டி நிப்பானுங்க."

அவ்வளவுதான் பேச்சு. மழையில் ஊறிக் கிடந்த வளைவில் லோரி கவிழ்ந்தது. ஹேமநாதனுக்கு அப்போது விவரம் தெரியாத வயது. சந்திரமதி தம்போய்க்குக் குடிவந்து, மின்னணுத் தொழிற்சாலையில் ஷிப்டு பார்த்து அவனை ஆளாக்கினார். கிளம்பியவர் திரும்பினால் உயிருக்கு ஆகாது என்று மட்டும் அவர் மனத்தில் ஆழப் பதிந்துவிட்டது. அவரைக் குறை சொல்ல யாருக்கும் வாய் வராது.

அப்படிப்பட்டவரின் மகன் பார்க்கும் வேலையைக் கேட்டால் சிரிப்புத்தான் வரும். கடல் தாண்டிச் சரவாக்கில், மீரி நகரத்திலிருந்து மலைநாட்டுக் கிராமங்களுக்குப் பறக்கும் சின்ன விமானத்தின் விமானி அவன். மலைகளுக்கு நடுவே துண்டு நிலம், அதில் ஓடுபாதை. கண்ணால் பார்த்துத்தான் இறங்க வேண்டும். மேகம் மூடிக்கொண்டால் வந்த வழியே திரும்ப வேண்டும். மழை மாதங்களில் போய் இறங்கும் நாளைவிடத் திரும்பி வரும் நாள் அதிகம் என்றே தோன்றும்.

இதைப் பற்றி அம்மாவிடம் அவன் மூச்சு விட்டதில்லை. "போய்ச் சேந்துட்டியாப்பா?" என்று தினமும் போன் வரும். "சேந்துட்டேன்மா" என்பான். எங்கே சேர்ந்தான் என்று அவர் கேட்டதில்லை. அவனும் சொன்னதில்லை.

கேப்டனாகித் தோளில் நான்காவது பட்டை ஏறியதும் வசமாக மாட்டிக்கொண்டான். "நீ ஓட்டுறத நான் பாத்தே ஆவணும்" என்று சந்திரமதி மீரிக்கு வந்து இறங்கிவிட்டார். காலையில் மலைநாட்டு வானம் பரவாயில்லை என்றுதான் தகவல் வந்தது. மறுக்க அவனுக்குக் காரணம் கிடைக்கவில்லை.

சின்ன விமானம் என்பதால் ஆட்களையும் தராசில் ஏற்றுவார்கள். "அலமாக், என்னடா இது, மூட்டையோட மூட்டையா என்னையும் எடை போடுறானுங்க!" என்று சந்திரமதி சத்தம் போட, வரிசையில் நின்றவர்கள் மொழி புரியாமலே சிரித்தார்கள். முன் இருக்கை அவருக்குக் கிடைத்தது. விமானிகளுக்கும் பயணிகளுக்கும் இடையே கதவு கிடையாது. மகனின் பிடரியைப் பார்த்தபடியே, பெருமை தாங்காமல் உட்கார்ந்து வந்தார்.

மலைகள் நெருங்கியபோது வானம் மாறிவிட்டது. கணவாய்க்கு அந்தப் பக்கம் வெள்ளையாக அடைத்துக் கிடந்தது. பள்ளத்தாக்கில் எப்போதும்போல ஹேமநாதன் நடுவே போகாமல் ஒரு பக்க மலையை ஒட்டியே வந்திருந்தான். திரும்ப வேண்டி வந்தால் இடம் வேண்டுமே. அந்தப் பழக்கத்துக்காக இதுவரை அவன் வெட்கப்பட்டதில்லை. இன்று அம்மா பின்னால் இருக்க, முதுகு கூசியது.

மேகம் சற்றே விலகியது. கீழே ஓடுபாதையின் ஒரு முனை தெரிந்தது. பின்னால் யாரோ கைதட்டினார்கள். துணை விமானி மார்க்கஸ் இவனைப் பார்த்தான். நுழைந்துவிடலாம் என்று ஒரு நினைப்பு ஹேமநாதனுக்கு வந்தது. நுழைந்தபின் மூடிக்கொண்டால் முன்னால் மலைதான். திரும்பினாலோ, அம்மா இனி ஒரு நாளும் நிம்மதியாகத் தூங்கமாட்டார். அவன் கிளம்பும் ஒவ்வொரு காலையும் அவருக்கு அந்த ரெங்கத்துக் காலையாகிவிடும். அப்பா அன்று எதற்காக விரட்டிக்கொண்டு போனார் என்பதும் கூடவே நினைவுக்கு வந்தது.

விமானத்தைத் திருப்பினான். இறக்கை சாய்ந்தபோது, வலப்பக்கம் இருந்த ஆறு இடப்பக்கம் வந்ததைச் சந்திரமதி பார்த்தார்.

மீரியில் இறங்கியதும் பயணிகள் முணுமுணுத்துக்கொண்டே போனார்கள். சந்திரமதி மட்டும் இடுப்புப் பட்டையை அவிழ்க்காமல் இருந்தார். ஹேமநாதன் வந்து எதிரே நின்றான்.

"திரும்பிட்டியா?"

"ஆமாம்மா."

"இதுக்கு முன்னாடி?"

"நெறைய தடவ திரும்பியிருக்கேன்."

சந்திரமதி இடுப்புப் பட்டையை இறுகப் பிடித்துக்கொண்டார். "உங்கப்பா திரும்பி வந்துதானேடா போய்ச் சேந்தாரு..."

"இல்லம்மா. திரும்பி வந்ததுல ஒண்ணுமே ஆவல. லேட்டாச்சுன்னு அந்த மழையில வெரட்டிக்கிட்டுப் போனாரே, அதனாலதாம்மா. நீங்க உக்காரச் சொன்னீங்க. உக்காந்திருந்தா மழ விட்டிருக்கும்."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்குவதைப் பார்த்து, வாயைக் கொடுத்துக் கெடுத்துக்கொண்டோமே என்று ஹேமநாதன் நொந்துபோனான். பிறகு சந்திரமதி கண்ணைத் துடைத்துக்கொண்டு பைக்குள்ளிருந்து தண்ணீர் போத்தலை எடுத்தார்.

"உக்காரு."

"இன்னிக்கு இனிமே போவ முடியாதும்மா. வானம் தெளியணும். நாளைக்குத்தான்."

"நாளைக்கே போ. இப்ப உக்காரு. அந்தப் பையனையும் கூப்புடு, அவனுந்தானே திரும்பி வந்தான்."

நான்கு பட்டைச் சட்டையோடு கேப்டன் பயணி இருக்கையில் உட்கார்ந்தான். மார்க்கஸ் ஒன்றும் விளங்காமல் பக்கத்தில் உட்கார்ந்தான். ஹேமநாதன் போத்தலை வாங்கி மளமளவென்று கவிழ்க்கப் போனபோது, சந்திரமதி அவன் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினார்.

"மெதுவா குடிடா. ஒண்ணும் அவசரம் இல்ல."