சந்துக்குள் நுழையும் படகு

எங்கள் எதிர்வீட்டு அக்காவுக்குச் சந்தில் 'டேப் அக்கா' என்று பெயர். காலையில் எழுந்ததும் மற்றவர்கள் மூக்குக்கண்ணாடியைத் தேடுவார்கள், அவர் அளவு டேப்பைத் தேடி எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொள்வார். சோபா, கார் சீட், சலூன் நாற்காலி என்று எதற்கும் உறை தைப்பது தொழில். வீட்டின் முன்னறையே பட்டறை. துணிக்கு ஒரு மிஷின், ரெக்ஸினுக்கு ஒரு மிஷின், மூலையில் உத்தரம் வரைக்கும் அடுக்கிய ஸ்பஞ்சு. உட்கார நாற்காலி கேட்டால் எந்த நாற்காலியைக் காட்டினாலும் அது வாடிக்கையாளருடையதாக இருக்கும். நான் போனால் நின்றுகொண்டே பேசிவிட்டு வருவேன்.

அவர் கணவரை நான் மாமா என்று கூப்பிடுகிறேன். முப்பத்திரண்டு வருஷம் ஒரே தடத்தில் பஸ் ஓட்டியவர். ஓய்வு பெற்ற மறுவாரமே அவருக்குப் படகுப் பைத்தியம் பிடித்தது. எங்கிருந்தோ படகு விளம்பரப் புத்தகங்களை வரவழைப்பார். ஒரு படத்தைக் கத்தரித்து மிஷினுக்கு மேலே சுவரில் ஒட்டினார். நீல அடிப்பாகம், வெள்ளை மேல்பாகம், கார் மாதிரி ஸ்டீயரிங். அக்கா அதைப் பற்றி ஒரு வார்த்தை நல்லதாகவும் சொன்னதில்லை, கெட்டதாகவும் சொன்னதில்லை. மூன்று வருஷம் இருவருமாகக் காசு சேர்த்தார்கள்.

அந்த வருஷம் எங்கள் ஊர் ஏரிக்கரை மைதானத்தில் படகுக் கண்காட்சி போட்டார்கள். எனக்குக் குழாய் வேலை, வேன் வைத்திருக்கிறேன். "ஞாயித்துக்கிழமை எங்களைக் கொண்டுபோய் விட்டுடேன்" என்றார் மாமா. முந்தின நாளே சட்டைக்கு இஸ்திரி போட்டாகிவிட்டது. பெண் பார்க்கப் போகிறவர்கூட அவ்வளவு பதற்றப்பட மாட்டார்.

கொட்டகைக்குள் நுழைந்ததும் எனக்குத் தலை சுற்றிவிட்டது. தண்ணீரில் பாதி உடம்பை மறைத்துக்கொண்டு மிதக்கும் படகுகள் இங்கே கம்பளத்தின்மேல் வயிறு முழுக்கக் காட்டிக்கொண்டு நின்றன. நேற்று அடித்த பெயிண்டு வாசனை. ஏறுவதற்கு முன்னால் செருப்பைக் கழற்ற வேண்டும் என்பதால் ஒவ்வொரு ஏணியடியிலும் ஒரு குவியல். எந்தப் படகுக்கு மவுசு என்று செருப்பைப் பார்த்தே சொல்லிவிடலாம். இருப்பதிலேயே பெரிய படகுக்குள் ஒரு குடும்பமே கட்டில் விளிம்பில் வரிசையாக உட்கார்ந்து, யாருக்கோ காத்திருப்பதுபோல் விழித்துக்கொண்டிருந்தது. இன்னொரு படகில் கோட்டுப் போட்ட ஒரு பெரிய மனிதர் ஸ்டீயரிங்கைப் பிடித்து, யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து, வாயாலேயே எஞ்சின் சத்தம் எழுப்பிக்கொண்டிருந்தார்.

நான் என் தொழில் புத்தியோடு அந்தப் பெரிய படகின் கழிப்பறைக்குள் போய்ப் பார்த்தேன். உட்கார்ந்தால் முழங்கால் கதவில் இடிக்கும். குழாய் மட்டும் முதல்தரம்.

மாமா நேரே பதினாலாம் எண் கடைக்குப் போனார். ரயிலில் வந்து இறங்கிய சொந்தக்காரரைக் கண்டதுபோல் முகம் மலர்ந்துவிட்டது. சுவரில் ஒட்டியிருந்த அதே நீலப் படகு. செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி, ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்து, பஸ்ஸில் பின்பக்கம் பார்க்கும் கண்ணாடி இருக்கிற இடத்தைக் கையால் தடவிப் பார்த்தார். வெள்ளைச் சட்டை போட்ட விற்பனையாளர் ஓடி வந்தார்.

"சார் பாத்தாலே தெரியுது, ஓட்டுற கை."

"முப்பத்திரண்டு வருஷம்" என்றார் மாமா, நெஞ்சை நிமிர்த்தி.

"கடல்லயா சார்?"

"இல்ல, டவுன் பஸ்."

அதற்குள் அக்கா பின்னிருக்கையைத் தூக்கிப் பார்த்து, தையலை நகத்தால் நெருடிப் பார்த்து, உதட்டைப் பிதுக்கினார். "தண்ணி தேங்குற எடத்துல போய் தையல் போட்டிருக்காங்களே. ரெண்டே வருஷத்துல வாயைத் திறந்துரும்."

"வெளிநாட்டுத் தையல் மேடம்."

"இருக்கட்டும். தண்ணிக்கு அது தெரியவா போவுது?"

பிறகு கீழே இறங்கி, டேப்பின் ஒரு முனையை என் கையில் கொடுத்தார். "அந்தப் பக்கம் பிடி." படகின் குறுக்கே இழுத்தோம். ஏழடி ஒன்பதே முக்கால் அங்குலம். அக்கா இன்னொரு முறை இழுத்துப் பார்த்தார். மாமா மேலே ஸ்டீயரிங்கைத் திருப்பிக்கொண்டு, எதிரே வராத வண்டிக்கு வழி விட்டுக்கொண்டிருந்தார்.

"என்னங்க, கொஞ்சம் எறங்கி வாங்க."

"என்னம்மா?"

"நம்ம சந்து வாயில கரண்டு கம்பத்துக்கும் மதில் சுவருக்கும் நடுவுல ஏழடி நாலு. சோபா ஏத்துறதுக்கு நானே அளந்து வெச்சிருக்கேன். இது உள்ள வராது."

மாமா படகைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் டேப்பை இன்னும் பிடித்துக்கொண்டிருந்தேன். அதை விட்டுவிட்டால் அகலம் குறைந்துவிடுமோ என்று ஒரு நப்பாசை.

"ஏரியிலயே நிறுத்திக்கலாம் மேடம், வாடகைக்கு எடம் தராங்க" என்றார் வெள்ளைச் சட்டை.

"புதுசா வாங்கி அடுத்தவங்க வாசல்ல நிறுத்தவா?" என்றார் மாமா, அக்கா வாய் திறக்கும் முன்பே.

வெளியே ஒரு பெஞ்சில் உட்கார்ந்து மூவரும் டீ குடித்தோம். மாமா டீயைக் குடிக்காமல் ஆற்றிக்கொண்டேயிருந்தார். "மூணு வருஷமா படிச்சேனே. நீளம் பாத்தேன், எஞ்சின் பாத்தேன், எடை பாத்தேன்…"

"அகலம்?"

"எந்த ரோட்டுல பஸ் போகும்னு டிப்போவுல பாத்துதான் அனுப்புவாங்க. அகலத்தை நான் எதுக்கும்மா பாக்கணும்?"

அக்காவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. புடவைத் தலைப்பால் வாயை மூடினார், பயனில்லை. மாமாவும் முறைக்கப் பார்த்துத் தோற்று, தானும் சிரித்துவிட்டார். டீ கையில் கொட்டியது.

"எந்திரிங்க" என்றார் அக்கா. "இப்ப அகலத்துலேருந்து ஆரம்பிப்போம்."

அதன்பிறகு கண்காட்சியை வேறு விதமாகப் பார்த்தோம். அக்கா முன்னால் டேப்போடு, நான் மறுமுனையோடு, மாமா குறிப்பு எழுதிக்கொண்டு. எழுபது எண்பது படகுகளை அளந்திருப்போம். நாங்கள் அதிகாரிகள் என்று நினைத்து ஒரு கடைக்காரர் கூல்டிரிங்க் கொடுத்தார். நாங்களும் மறுக்கவில்லை.

கடைசியில், கழிப்பறைக்குப் போகும் வழியில், கம்பளம்கூட விரிக்காத ஒரு மூலைக்கு வந்தோம். சாம்பல் நிறத்தில் ஒரு சின்னப் படகு. பதினாலடி நீளம், ஐந்தடி இரண்டங்குல அகலம். ஸ்டீயரிங் இல்லை, பின்னால் மாட்டிய சிறிய மோட்டாரின் கைப்பிடியைப் பிடித்துத்தான் திருப்ப வேண்டும். பக்கத்தில் நாற்பது வயதுப் பெண் ஒருத்தி, விரலெல்லாம் பெயிண்டுக் கறையோடு, டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். எழுந்திருக்கவில்லை. "ஏறிப் பாருங்க, செருப்போடயே ஏறலாம்" என்றாள். அவளும் அவள் தம்பியும் சொந்தப் பட்டறையில் கட்டிய படகு அது.

மாமா ஏறவில்லை. அவர் கண் இன்னும் பதினாலாம் எண்ணிலேயே இருந்தது. அக்காதான் ஏறினார். ஏறி, நடுப்பலகையில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். பிறகு கழுத்திலிருந்த டேப்பைக் கழற்றி மடியில் வைத்தார். பகலில் அவர் அதைக் கழற்றி நான் பார்த்ததே இல்லை.

"மெத்தை கிடையாதுக்கா, வெறும் பலகைதான்" என்றாள் படகுக்காரி.

"பலகை போதும்மா. மெத்தையை நான் பாத்துக்கறேன்." அக்கா நிமிர்ந்து மாமாவைப் பார்த்தார். "என்னங்க, எனக்கு இது புடிச்சிருக்கு."

மாமாவுக்கு ஆச்சரியம். "உனக்குப் படகுன்னாலே புடிக்காதுன்னு நெனச்சேன்."

"நீங்க எங்க என்னைக் கேட்டீங்க? படத்தை ஒட்டினீங்க, நான் பாத்துட்டே தைச்சேன்."

மாமா ஏறி அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். அந்தப் படகு வேறு யாருக்கோ விலை பேசியாகிவிட்டது, ஆறு வாரத்தில் புதிதாக ஒன்று கட்டித் தருவதாகச் சொன்னாள் படகுக்காரி. நிறம் என்ன வேண்டும் என்று கேட்டாள்.

"நீலம்" என்றார் மாமா, கடைசி ஆசையாக.

"தண்ணியில நீலம் தெரியாதேண்ணா. நடு ஏரியில நின்னுபோனா எப்படித் தேடுவாங்க?"

"மஞ்சள்" என்றார் அக்கா. மஞ்சள் என்று முடிவாயிற்று.

அந்த ஆறு வாரத்தில் ஒரு காரியம் நடந்தது. அக்காவுக்கு நீச்சல் தெரியாது. ஐம்பத்தேழு வயதில் நகராட்சி நீச்சல் குளத்தில் போய்ப் பெயர் கொடுத்தார். முதல் வாரம் கம்பியை விடவேயில்லையாம். பயிற்சி கொடுத்த பெண், "கையை விடுங்கம்மா, தண்ணி தாங்கும்" என்று கெஞ்சியிருக்கிறாள். "எவ்வளவு எடை தாங்கும்னு சொல்லு, விடறேன்" என்றாராம் அக்கா. ஐந்தாம் வாரம் குளத்தின் குறுக்கே நீந்திவிட்டு, ஈரத் தலையோடு எங்கள் வீட்டுக் கதவைத் தட்டினார். "இருபத்தஞ்சு மீட்டர்!" என்றார். அவ்வளவுதான், போய்விட்டார்.

படகு டிரெய்லரில் வந்து சேர்ந்த அன்று சந்தே வாசலில் நின்றது. கம்பத்துக்கும் சுவருக்கும் நடுவே ஆள் நடந்து போகிற அளவு இடம் விட்டு, சோப்புப் போட்ட மாதிரி வழுக்கிக்கொண்டு உள்ளே வந்தது. மாமா முன்னால் நடந்து கையசைத்து வழிகாட்டினார். வழிகாட்ட ஒன்றுமில்லை என்றாலும்.

சோதனை ஏரிக்கரையில் காத்திருந்தது. படகைத் தண்ணீரில் இறக்கும் சரிவில், என் வேனில் மாட்டிய டிரெய்லரை வேனாலேயே பின்னோக்கித் தள்ளிக்கொண்டு போக வேண்டும். "நீ எறங்கு, நான் ஓட்டறேன்" என்று மாமா என் வேனில் ஏறினார். முப்பத்திரண்டு வருஷத்தில் ஒரு கீறல் விழாத கை. ஆனால் டிரெய்லருக்குத் தனிப் புத்தி. ஸ்டீயரிங்கை இடப்பக்கம் ஒடித்தால் அது வலப்பக்கம் போகிறது. திருத்தினால் கத்தரிக்கோல் மாதிரி மடங்குகிறது. கரையில் நின்ற படகுக்காரர்கள் கைகட்டிக்கொண்டு ஆளுக்கு ஒரு திசை சொன்னார்கள். ஏழாவது முறை குப்பைத்தொட்டியின்மேல் மோதப் பார்த்ததும் மாமா எஞ்சினை நிறுத்திவிட்டு, "இது வண்டியே இல்ல" என்று தீர்ப்புச் சொன்னார். டிரெய்லரைக் கழற்றி, கைகட்டி நின்றவர்களையும் சேர்த்துக்கொண்டு கையாலேயே தள்ளி இறக்கினோம்.

லைஃப் ஜாக்கெட் மாட்டிக்கொண்டு மூவரும் ஏறினோம். மாமா மோட்டாரின் கைப்பிடியைப் பிடித்தார். கைப்பிடியை வலப்பக்கம் தள்ளினால் படகு இடப்பக்கம் போகும். டிரெய்லர் கற்றுக்கொடுத்த பாடம் போதவில்லை. நேரே நாணல் புதரைப் பார்த்துப் போனோம். மாமாவின் வலது கால் பலகையை ஓங்கி ஓங்கி மிதித்தது.

"பிரேக் எங்கடா?"

"பிரேக் கிடையாது மாமா!"

"பிரேக் இல்லாம எப்படிடா விக்கிறாங்க?"

நாணலுக்குள் புகுந்து நின்றோம். இரண்டு வாத்துகள் திட்டிக்கொண்டே வெளியேறின. அக்கா எழுந்து, குனிந்தபடியே பின்னால் வந்து, "கொஞ்சம் நகருங்க" என்றார். துடுப்பால் ஊன்றி வெளியே வந்ததும் அவர் கைப்பிடியைப் பிடித்தார். பிடித்தார் என்றுகூடச் சொல்ல முடியாது, விரலை வைத்தார். படகு கோடு போட்ட மாதிரி போயிற்று.

"எப்படிக்கா?" என்றேன்.

"ரெக்ஸின் தைக்கிற மாதிரிதான். இழுக்கவும் கூடாது, தள்ளவும் கூடாது. மிஷின் தானா போவும். நாம கோணாம பாத்துக்கிட்டா சரி."

மாமா முன்பலகையில் போய் உட்கார்ந்தார். கோபித்துக்கொண்டாரோ என்று பார்த்தேன். இல்லை. கரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஏரியை ஒட்டிப் போகும் சாலைதான் அவருடைய பழைய தடம். பஸ் ஒன்று அப்போதும் போய்க்கொண்டிருந்தது.

"அந்தத் தூண் வெச்ச வெள்ளைக் கட்டடம் என்னம்மா?" என்று கேட்டார்.

"அதுதாங்க லைப்ரரி. லைப்ரரி ஸ்டாப்புன்னு தெனம் எட்டு தடவை நிறுத்தியிருக்கீங்களே!"

"ஸ்டாப்பு தெரியும். கட்டடத்தைப் பாத்ததில்ல. ரோட்டுலேருந்து கண்ணை எடுக்க முடியுமா?" சற்று நேரம் கழித்து, "நல்லாதான் கட்டியிருக்கான்" என்றார். அன்று முழுக்க அவர் கேள்வி கேட்டுக்கொண்டேயிருந்தார். மணிக்கூண்டில் சிங்க முகம் இருப்பதும், மருத்துவமனை மாடியில் யாரோ பூந்தொட்டி வைத்திருப்பதும் அன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்தது. அக்கா ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார், படகை நேரே வைத்துக்கொண்டே.

இப்போது அது நடந்து இரண்டு வருஷம் ஆகப்போகிறது. ஓட்டுவது அக்கா, பார்ப்பது மாமா என்று வேலை பிரிந்துவிட்டது. டிரெய்லரைப் பின்னால் தள்ளுவது மட்டும் என் பொறுப்பு. எனக்கும் மூன்று மாதம் ஆயிற்று பழக.

அக்கரைக்குச் சாலை வழி போனால் ஒன்றரை மணி நேரம், படகில் இருபது நிமிஷம். அங்கே ஒரு பல் டாக்டர், நோயாளிகள் படுக்கும் சாய்வு நாற்காலிக்கு உறை தைக்கக் கொடுத்திருந்தார். போன வாரம் அதன் மெத்தையைப் பாலிதீன் சுற்றிப் படகின் நடுவில் படுக்க வைத்துக் கொண்டுபோனோம். பாதி வழியில் மாமா அதன்மேல் சாய்ந்து, வானத்தைப் பார்த்தபடி கண்ணை மூடிவிட்டார். டாக்டர் கரையில் வெள்ளைக் கோட்டோடு காத்திருந்தார்.

"இவருக்கு எந்தப் பல்லு?" என்று கேட்டார்.

"இவரு பிரயாணி டாக்டர்" என்றார் அக்கா. "எழுப்பாதீங்க, நான் முதல்ல படகுக் கயித்தைக் கட்டிக்கறேன்."