ஜரீனா ரீச்சர் போடாத கோடு

ஒரு புதன்கிழமை, இரண்டாம் பாடத்தில் நிற்கும்போது கிண்ணியாவிலிருந்து ஜரீனா ரீச்சரின் தங்கை தொலைபேசியில் அழைத்தார். "ராத்தா மௌத்தாகிட்டா மிஸ். அசர் தொழுகைக்குப் பிறகு அடக்கம்" என்றார். "ஓம், ஓம்" என்று சொன்னபடியே நின்றேன். கையிலிருந்த வெண்கட்டியைக் கீழே வைக்கவும் தோன்றவில்லை.

துறைமுகத்தைப் பார்த்த எங்கள் பள்ளிக்கூடத்தில் அவர் உயிரியல் படிப்பித்தார், நான் புவியியல். ஆசிரியர் அறையில் எங்களுக்குப் பக்கத்துப் பக்கத்துக் கதிரை. ஆய்வுகூடச் சுவரில் அவர் வரைந்த வெள்ளைப் பூவை, இங்கே படித்த உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். "கடற்கரைப் பிள்ளையளுக்கு மலைப்பூ என்னத்துக்கு ரீச்சர்?" என்று சீண்டினேன். "உலகத்தில வேற எங்கயும் இல்லை. இந்தத் தீவின்ர மலையுச்சியில மட்டுந்தான். அப்ப எங்கட பூதானே?" என்றார். அவரும் அதை நேரில் கண்டதில்லை. புத்தகத்தைப் பார்த்து, சோற்றுக் கோப்பை அளவில் வரைந்தார்.

பிறகு ஒரு விடுமுறையில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மலைநாட்டுக்குப் போனோம். உச்சிப் புல்வெளியில், விறைக்கிற குளிரில், எல்லோரும் கோப்பை அளவு பூவைத் தேடினோம். கிடைக்கவில்லை. பசி வந்துவிட்டது. நானும் அவரும் பாயை விரித்தோம், பாணும் சம்பலும் சாப்பிட்டு, பாயைச் சுருட்டும்போது "யா அல்லாஹ்!" என்று கத்தினார். நசிந்த புல்லுக்குள் மூக்குத்தி அளவில் வெள்ளைப் பூக்கள்.

"பூவுக்கு மேல இருந்துகொண்டு பூவைத் தேடியிருக்கிறம் மிஸ்!"

பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. முழங்காலில் இருந்து ஒவ்வொரு பூவாக விரலால் நிமிர்த்திப் பார்த்தார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் சொன்னார்: "பிழை என்ர. பெரிசாக்கி வரைஞ்சா, பக்கத்தில உண்மை அளவுக்கு ஒரு சின்னக் கோடு போடவேணும். நான் போடேல்லை."

"இப்ப போடுங்கோவன், மூக்குத்தி அளவுக்கு."

"அளக்காமல் போட ஏலாது. நசிஞ்சதை அளக்கவும் ஏலாது. உயிரோட நிக்கிற பூவில அடிமட்டம் வைக்கவேணும். திரும்ப ஒருக்கால் வாறீங்களோ?"

வாறன் என்றேன். அடுத்த விடுமுறைக்கு மகளின் பரீட்சை. அதற்கடுத்ததற்கு என் முழங்கால் நோவு. மூன்றாவதற்கு மழை என்று சொன்னேன். மழையும் இல்லை, ஒன்றும் இல்லை, எனக்குப் பஞ்சி, வெறும் சோம்பல். தனியே போகச் சொல்லியும் பார்த்தேன். "பாய் விரிச்சது இரண்டு பேருமெல்லோ" என்றார்.

பிறகு அவருக்கு வருத்தம் வந்து, நோயோடு படுத்துவிட்டார். கடைசியாகப் பார்க்கப் போனபோது, படுக்கையில் இருந்தபடியே "உங்கட முழங்கால் இப்ப எப்பிடி மிஸ்?" என்று கேட்டார். குத்திக் கேட்கவில்லை, உண்மையாகவே கேட்டார். வீதிக்கு வந்து, யார் பார்த்தாலும் பார்க்கட்டும் என்று அழுதேன்.

அடக்கத்துக்குப் பிறகு அவரின் அடிமட்டத்தைத் தங்கை என்னிடம் தந்தார். போன விடுமுறையில் அதோடு தனியே மலைக்குப் போனேன். முழங்கால் ஒன்றும் செய்யவில்லை. ஈரப் புல்லில் குப்புறப் படுத்து, நின்ற பூ ஒன்றை மூன்று தரம் அளந்தேன். எட்டு மில்லிமீற்றர்.

அந்த அடிமட்டம் இப்போது என் மேசையில் இருக்கிறது. நேற்று அதை வைத்துத்தான் சுவரிலிருந்த பூவுக்குப் பக்கத்தில் அந்தக் கோட்டைப் போட்டேன். பேனை தொட்டதும் முடிந்துவிட்டது. இவ்வளவுக்குத்தான், ரீச்சர், நான் உங்களை மூன்று விடுமுறை காக்க வைத்தனான்.